பேட் பிள்ளையின் இன்றைய உயரத்துக்கு இருக்கட்டும்

தை அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயலில் பிட்ச் போட்டவுடன், மன்னார்குடியானாலும் மயிலாடுதுறையானாலும் பேட் வாங்க வரும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "வளர்ற புள்ள, ரெண்டு வருசத்துக்கு வர்ற மாதிரி பெருசா குடுங்க." பள்ளிச் சீருடைக்கு அது சரி. கால்சட்டை நீளமாக இருந்தால் உள்ளே மடித்துத் தைத்துவிடலாம். பேட்டில் மடிக்க இடமில்லை; மடிந்துகொடுப்பது பிள்ளையின் உடம்புதான்.

கோல்ஃப் ஆடுகிறவர்கள் மணிக்கட்டிலிருந்து தரைவரை டேப் வைத்து அளந்து, அதற்கேற்ற நீளத்தில் கோல் செய்து வாங்குகிறார்கள். கிரிக்கெட்டில் அந்தப் பழக்கம் நம்மிடம் வரவில்லை. கிரிக்கெட் விதியில் பேட்டின் நீளம் 38 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, அகலம் 4.25 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு உண்டு. எடைக்கு வரம்பே கிடையாது. அதை முடிவு செய்ய வேண்டியது வாங்குகிறவர்தான்.

பேட் நீளமாக இருந்தால் ஹேண்டிலின் மேல்நுனி வயிற்றில் இடிக்கும். அதைத் தவிர்க்கப் பிள்ளை இரு கையையும் கீழே இறக்கிப் பிடிப்பான். கீழ்க்கை ஆட்டத்தைக் கைப்பற்றிக்கொள்ளும். நேராக வர வேண்டிய பேட் குறுக்கே வரும். கனமாக இருந்தால் பேட் இறங்குவது தாமதமாகும், கட் ஷாட்டும் புல் ஷாட்டும் அடிக்கவே வராது. மணிக்கட்டிலும் முழங்கையிலும் வலி என்று பிறகு சொல்வான். குட்டையான பேட்டும் கெடுதல்தான்: முதுகை வளைத்துக் குனிவதால் தலை ஆஃப் பக்கம் (பேட்ஸ்மேனின் காலுக்கு எதிர்ப்பக்கம்) சாய்ந்து, காலுக்கு வரும் பந்தைத் தவறவிடுவான். பயிற்சியாளர் "தலைய நேரா வை" என்று நூறு முறை சொன்னாலும் அது திருந்தாது, கோளாறு பேட்டில் இருப்பதால்.

அளவுக்கு வழிகாட்டி: பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 4 அடி 9 அங்குலம் முதல் 4 அடி 11 அங்குலம் வரை 5ஆம் நம்பர், 5 அடி 2 அங்குலம் வரை 6ஆம் நம்பர், 5 அடி 6 அங்குலம் வரை ஹாரோ (6ஆம் நம்பருக்கும் பெரியவர் அளவுக்கும் இடைப்பட்டது), அதற்கு மேல் ஷார்ட் ஹேண்டில் (பெரியவர்களின் வழக்கமான அளவு). கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். வயதைச் சொல்லி வாங்காதீர்கள், ஒரே வகுப்பில் ஓர் அடி உயர வித்தியாசம் இருக்கும்.

கடைக்குப் பிள்ளையை ஷூ, காலில் கட்டும் பேடு, கிளவுஸோடு அழைத்துப் போங்கள். ஸ்டான்ஸில், அதாவது பந்தை எதிர்கொள்ளும் நிலையில் நிற்கவைத்து, பேட்டின் அடிநுனியைப் பின்காலின் சுண்டுவிரல் பக்கம் ஊன்றச் சொல்லுங்கள். ஹேண்டிலின் மேல்நுனி தொடையின் உச்சியைத் தொட வேண்டும். தொப்புளைத் தொட்டால் அது அவனுக்கான பேட் இல்லை. அடுத்து மேல்கையால் (ஹேண்டிலில் மேலே பிடிக்கும் கையால்) மட்டும் பிடித்து பேக்லிஃப்ட் எடுக்கட்டும், அதாவது அடிப்பதற்கு முன் பேட்டைப் பின்னால் தூக்கட்டும். பத்து முறை எடுத்தும் முழங்கை உடம்போடு ஒட்டாமல், பேட் நேராக மேலே போனால் எடை பொருந்துகிறது. ஆறாவது முறையிலேயே தோள் தூக்கிக்கொண்டால் வேண்டாம். இந்தச் சோதனையை நாங்கள் அளவு அட்டவணையைவிட அதிகம் நம்புகிறோம்.

ஒரே எடையுள்ள இரண்டு பேட் கையில் ஒரே மாதிரி இருக்காது. கனம் அடியில் திரண்டிருந்தால் தூக்க சிரமம். சற்று மேலே இருந்தால் லேசாகத் தெரியும். ஆனால் நம் களிமண் பிட்சில் பந்து தாழ்வாக வரும். அதனால் மிடில் (பந்து பட்டால் நன்றாகப் பாயும் தடித்த இடம்) அடிப்பக்கமாக அமைந்த பேட்தான் இங்கே உதவும். கயிற்றுப் பாய் விரித்து ஆடும் இடத்தில் பந்து எழும்பும். அங்கே மிடில் கொஞ்சம் மேலே இருக்கலாம். எடையைக் குறைத்துக்கொண்டு தாழ்வான மிடில் எடுப்பதே டெல்டா பிள்ளைகளுக்குச் சரி என்பது எங்கள் கருத்து.

லேபிளில் போட்ட எடையை நம்ப வேண்டாம். கூடுதலாக ஒரு கிரிப், பேட்டின் முகத்துக்கு ஷீட், அடிநுனிக்குக் காப்பாக கார்டு என்று ஒட்டினால் 50 கிராமுக்கு மேல் ஏறிவிடும். பேட் செய்யும் மரத்தில் காஷ்மீர் வில்லோ பொதுவாக இங்கிலீஷ் வில்லோவைவிட அடர்த்தி, எனவே அதே பருமனில் கனம் கூடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் குடித்த பேட்டும் கனக்கும். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். 6ஆம் நம்பர் பேட் 1,100 கிராமைத் தாண்டினால் யோசிக்க வேண்டும்.

ஏற்கெனவே பெரிதாக வாங்கியாகிவிட்டது என்றால், தச்சரிடம் கொடுத்து பேட்டின் அடியை அறுத்துவிடாதீர்கள். பந்து படும் மரம் போய்விடும், அறுத்த முகம் வழியே பனியும் சேறும் ஏறும். ஹேண்டிலின் மேலே ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் குறைக்கலாம். வெட்டிய பிறகு பிரம்பு பிளக்காமல் நூலை இறுக்கிச் சுற்றி, பசை காய்ந்தபின் புது கிரிப் ஏற்ற வேண்டும். மேல்பக்க எடை குறைவதால் அடி சற்றுக் கனத்ததாகத் தெரியும். மேல்கைச் சோதனையை மறுபடி செய்து பார்த்துவிட்டு மைதானத்துக்கு அனுப்புங்கள்.