இத்தாலியில் விடுமுறை நாளுக்கும் உங்களுக்குச் சம்பளம் உண்டு

பலெர்மோவில் வீட்டுவேலை செய்கிற நம் ஆட்களுக்குச் சம்பளத் தாள் போட்டுக் கொடுப்பதும் சொஜோர்னோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும்தான் என் தொழில். பல வருடமாக இதே மேசை. விடுமுறை வருகிற மாதங்கள் முடிந்ததும் ஒரே கேள்வியோடு வருகிறவர்கள் அதிகம்.

ஒரு ஜூன் மாத முடிவில் ஒரு அக்கா வந்தார். கிழமையில் இரண்டு நாள், மொத்தம் 12 மணி நேரம் ஒரு வீட்டில் வேலை. "தம்பி, ரெண்டாம் திகதி லீவு, வரவேண்டாம் எண்டு சிஞ்ஞோரா சொன்னவா. வராத நாளுக்குக் காசு இல்லைத்தானே?" என்று கேட்டார். சிஞ்ஞோரா என்றால் வீட்டுக்கார அம்மா. வாதாட வரவில்லை அக்கா, சரிதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் வந்திருந்தார். எனக்கு அதுதான் மனதை உறுத்தியது. எத்தனை வருடமாக இப்படி விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஏழு என்றார்.

வீட்டுவேலைக்கென்று இத்தாலியில் முதலாளிமார் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து செய்த, தேசிய அளவிலான கூட்டு ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. மணிக்கணக்கில் வேலை செய்கிறவருக்கு ஒவ்வொரு விடுமுறை நாளுக்கும் அவருடைய கிழமை மணிநேரத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த விடுமுறை அவர் வேலைக்குப் போகிற நாளில் வந்ததா, போகாத நாளில் வந்ததா என்பது முக்கியமே இல்லை. பலருக்குத் தெரியாத இடம் இதுதான், முதலாளிமாருக்கும்கூடத் தெரியாது. அக்காவின் 12 மணியில் ஆறில் ஒன்று என்றால் 2 மணி. 2026 ஐ எடுத்துப் பாருங்கள்: பலெர்மோவில் ஞாயிறு அல்லாத நாட்களில் வரும் விடுமுறைகள் 11, ஆகவே 22 மணிநேரச் சம்பளம். அவர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் போகிறவர் என்றால், அதில் ஐந்து விடுமுறைதான் அவருடைய வேலை நாளில் வருகிறது. மற்ற ஆறும் திங்கள், புதன், வியாழன், சனி என்று வேறு நாட்களில். அந்த ஆறுக்கு மட்டும் 12 மணிநேரம், அதாவது ஒரு முழுக் கிழமைச் சம்பளம். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஏழு வருடம் போயிருக்கிறது.

அந்த நாட்கள் எவை என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஜனவரி 1, ஜனவரி 6, ஈஸ்டர் திங்கள், ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்ட் 15, நவம்பர் 1, டிசம்பர் 8, 25, 26, இவற்றோடு நீங்கள் வேலை செய்யும் ஊரின் காவல் புனிதர் நாள். 2026 முதல் அசிசியின் புனித பிரான்சிஸ் நாளான அக்டோபர் 4 உம் சட்டப்படி தேசிய விடுமுறை. அவர் இறந்து 800 ஆண்டு நிறைகிற வருடம் அது. பெரிய வெள்ளி இங்கே விடுமுறை இல்லை. ஊரில் பெரிய வெள்ளிக்கு லீவு எடுத்துப் பழகியவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துச் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள், அது வேலைக்கு வராத நாளாகப் பதிவாகிவிடும்.

விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் என்ன செய்வது? அடுத்த நாள் தானாக லீவு ஆகாது, அந்த வழக்கம் இத்தாலியில் இல்லை. ஆனால் அந்த நாள் அப்படியே தொலைந்துபோகவும் கூடாது. வீட்டுவேலை ஒப்பந்தத்தின்படி வேறொரு நாளில் ஓய்வு தர வேண்டும், இல்லையென்றால் மாதச் சம்பளத்தில் 26 இல் ஒரு பங்கைக் கூடுதலாகத் தர வேண்டும். 2026 இல் அக்டோபர் 4, நவம்பர் 1 இரண்டுமே ஞாயிறு. அந்த இரண்டு மாதச் சம்பளத் தாளையும் கவனமாகப் பாருங்கள்.

விடுமுறை நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் போவதும் விடுவதும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். ஆனால் போனால் கணக்கு வேறு. அன்றைய வழமையான சம்பளம் எப்படியும் உண்டு, அதோடு, அன்று வேலை செய்த மணிகளுக்கான சம்பளத்தையும் 60 சதவீதம் கூட்டித் தனியாகத் தர வேண்டும். நத்தார் அன்று பதினைந்து பேருக்கு மேசை போட்டு, சமைத்து, பாத்திரம் கழுவி, இரவு பத்து மணிக்கு ஒரு பனெத்தோனே கேக்கோடு வீடு திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். கேக் அன்பளிப்பு, நல்ல விஷயம்தான். சம்பளம் வேறு.

இனி பாலம். விடுமுறை செவ்வாயிலோ வியாழனிலோ விழுந்தால், இடையில் நிற்கிற திங்களையோ வெள்ளியையோ சேர்த்து நான்கு நாள் ஆக்குவதை இத்தாலியர்கள் 'போந்தே' என்பார்கள், அதாவது பாலம். 2026 இல் ஜூன் 2 செவ்வாய், டிசம்பர் 8 உம் செவ்வாய். ஆக ஜூன் 1, டிசம்பர் 7 இரண்டும் பாலம். மிலானில் இருப்பவர்களுக்கு மட்டும் டிசம்பர் 7 அவர்கள் ஊர்ப் புனிதர் அம்புரோசியார் நாள், அதனால் லீவு எடுக்காமலே நான்கு நாள். மற்ற ஊர்களில் பாலம் என்பது விடுமுறை இல்லை, சாதாரண வேலை நாள். யார் அதற்கு விலை கொடுப்பது என்பதில்தான் பிரச்சினை.

நீங்களாகக் கேட்டு அந்த நாள் லீவு எடுத்தால் உங்கள் வருடாந்த 26 நாள் லீவில் ஒன்று போகும், அது நியாயம். ஆனால் வீட்டுக்காரர்கள் கடற்கரைக்குப் போகிறார்கள், "திங்கட்கிழமை வரவேண்டாம்" என்று அவர்களே சொன்னால், அவர்கள் வசதிக்காக நிறுத்திய நாள் அது. அன்றைய சம்பளம் உங்களுக்கு உண்டு. இதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் "சரி சிஞ்ஞோரா, நீங்கள் சொன்னபடி திங்கள் நான் வரவில்லை" என்று ஒரு வரி போதும். ஆகஸ்டிலும் இதே கதைதான். ஆகஸ்ட் 15 ஐ ஒட்டி நகரமே கதவைச் சாத்தும்போது உங்கள் லீவு எந்தத் திகதியில் தொடங்கி எந்தத் திகதியில் முடிகிறது என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கு நீண்ட நாள் போக வேண்டும் என்றால், வெளிநாட்டவர்கள் முதலாளியின் சம்மதத்தோடு இரண்டு வருட லீவைச் சேர்த்து எடுக்க அந்த ஒப்பந்தமே இடம் தருகிறது. இதையும் யாரும் கேட்பதில்லை.

பலெர்மோவில் காவல் புனிதர் நாள் ஜூலை 15, சாந்தா ரொசாலியா. 1624 இல் கொள்ளைநோய் நகரத்தை வாட்டிய காலத்தில் பெல்லெக்ரினோ மலைக் குகையில் அவருடைய எலும்புகள் கிடைத்ததை நினைத்து வரும் திருநாள். நம் ஆட்களில் கத்தோலிக்கரும் சைவரும் ஒரே மாதிரி அந்த மலைக்கு ஏறுகிறோம், வெறுங்காலோடு, நேர்த்தி வைத்து. இந்த ஊரில் எங்களுக்கென்று ஒரு தாய் இருக்கிறாள் என்ற நினைப்பு அது. ஆனால் செப்டம்பர் 4 க்கு இரவோடிரவாக மலை ஏறுகிறோமே, அது அரசு விடுமுறை இல்லை. அடுத்த நாள் வேலைக்கு வர முடியாது என்றால் முன்பே லீவு கேளுங்கள். இன்னொன்று, இந்த விடுமுறை வேலை செய்யும் ஊரைப் பொறுத்தது. கத்தானியாவில் வேலை என்றால் உங்களுக்கு பிப்ரவரி 5, சாந்த் ஆகத்தா.

தீபாவளிக்கு லீவு உண்டா என்று ஐப்பசி வந்ததும் கேட்பார்கள். இத்தாலிய அரசுக்கும் இத்தாலிய இந்து ஒன்றியத்துக்கும் இடையிலான உடன்பாடு 2012 டிசம்பரில் சட்டமாகியது. அந்த ஒன்றியத்தைச் சேர்ந்த அமைப்புகளில் இருக்கும் இந்துக்கள் கேட்டுக்கொண்டால் தீபாவளி அன்று வேலைக்கு வராமல் இருக்கலாம், வேலை ஒழுங்குக்கு ஏற்பச் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும். பொது விடுமுறை ஆகாது. கேட்டால்தான் கிடைக்கும்.

நீண்ட விடுமுறையில் சுவிஸுக்கோ பாரிஸுக்கோ போகிறவர்களுக்கு ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். சொஜோர்னோ முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்த தபால் ரசீது மட்டும் கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது பொது விசா ஒழுங்கில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளுக்கு, போகாதீர்கள். அந்த ரசீதோடு இலங்கைக்கோ இந்தியாவுக்கோ போய்த் திரும்பலாம், டோஹா, துபாய் வழியாக. பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் வழியாக அல்ல. ஒரு குடும்பம் சூரிச்சில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஏப்ரல் விடுமுறையில் பேருந்தில் போனது. சுவிஸ் எல்லையான கியாஸ்ஸோவில் இறக்கிவிட்டார்கள். கைக்குழந்தையோடு இரவு முழுக்கக் கோமோ ரயில் நிலையத்தில் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். என்னிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்று இன்றைக்கும் எனக்குக் கவலைதான். செல்லுபடியான சொஜோர்னோ இருந்தாலும் பாஸ்போர்ட்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.

விடுமுறை நாளில் காய்ச்சல் வந்தால் குடும்ப மருத்துவர் இருக்க மாட்டார், குவார்தியா மெதிக்கா என்கிற, அந்த நேரங்களில் பார்க்கும் மருத்துவர் சேவை இருக்கும். நோய்ச் சான்றிதழை அங்கேயே வாங்கலாம், நோய் தொடங்கிய மறுநாளுக்குள் வாங்க வேண்டும். திங்கட்கிழமை பார்ப்போம் என்று விட்டால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கேட்பது கடினம். அப்புறம் பேருந்து அட்டவணையில் 'ஃபெரியாலே' என்றிருந்தால் விடுமுறை என்று அர்த்தம் இல்லை, வேலை நாள், சனிக்கிழமையும் அதில் சேரும். விடுமுறைக்கு 'ஃபெஸ்தீவோ'. கார் நிறுத்துமிடப் பலகையில் இரண்டு சுத்தியல் வேலை நாள், சிலுவை விடுமுறை நாள்.

அந்த அக்கா அன்றே சிஞ்ஞோராவிடம் போய்க் கதைக்கத் தயங்கினார். வேலை போய்விடும் என்ற பயம். நான் ஒரு தாளில் விடுமுறைகளையும் மணிகளையும் வருட வாரியாக எழுதி இத்தாலிய மொழியில் கொடுத்தேன். சம்பளப் பாக்கியை வேலை முடிந்த பிறகும் 5 வருடத்துக்குள் கேட்கலாம், அவசரம் இல்லை என்றும் சொன்னேன். இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்தார். சிஞ்ஞோரா தாளை வாசித்துவிட்டுத் தனக்கும் இது தெரியாது என்று சொல்லி, மூன்று தவணையில் தருவதாக ஒத்துக்கொண்டாராம். முதல் தவணை ரசீதை எனக்குக் காட்டத்தான் வந்திருந்தார்.