ரோஸ்டர்: அடுப்பிலிருந்து வந்த சொல்

கந்தோர், லாச்சி, போஞ்சி, கக்கூசு. ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்களைக் கேட்டால் திருகோணமலையில் எவரும் இந்த நான்கையும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். ஐந்தாவது ஒன்று இருக்கிறது. யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியலாக அது வைத்தியசாலை அறைகளில் குண்டூசி குத்தித் தொங்குவதால் யாரும் அதை ஒல்லாந்தர் கணக்கில் சேர்ப்பதில்லை. ரோஸ்டர்.

கந்தோரைப் போல இது நேரே வந்து இறங்கவில்லை. ஒல்லாந்த மொழியில் ரோஸ்டர் என்றால் முதலில் இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பித் தட்டு. தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிப் பெயர்களை நிரப்பினால் அதுவும் அந்தத் தட்டைப் போலவே இருக்கிறது. பெயர் அடுப்பிலிருந்து தாளுக்குத் தாவிவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் படையினர், யார் எப்போது காவல் நிற்பது என்ற பட்டியலுக்கு இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 1639 இல் ஒல்லாந்தர் பிடித்து, பின்னர் ஆங்கிலேயர் கைக்குப் போன நம் பிரெட்ரிக் கோட்டையிலும் அப்படியொரு தாள் தொங்கியிருக்கும். இன்று அங்கே காவல் நிற்பவை மான்கள். அவற்றுக்கு ரோஸ்டர் கிடையாது.

பேக்கரியில் வாங்கும் ரோஸ்ட் பாணும் இந்தச் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆங்கிலத்தில் சேவலுக்குச் சொல்லும் சொல் மட்டும் வேறு குடும்பம். ஒலி ஒன்றுபோல இருப்பதால் வரும் மயக்கம் அது.

இதையெல்லாம் நான் தேடப் புறப்பட்டதற்குக் காரணம் என் தங்கையின் மகள். அவள் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் கதிரியல் வைத்திய நிபுணர். (கதிரியக்கவியல் என்று எழுதுவதை நான் தவிர்க்கிறேன். கதிரியக்கம் என்பது யுரேனியம் போன்றவற்றின் குணம். எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் அது ஏது?) சென்ற மாதம் உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியை நிமிர்த்தி வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். வேறு வேலை தேடுகிறாளாம். மூன்று இடங்களில் பேச்சு நடக்கிறது. சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன்.

"மாமா, சம்பளத்தை அவர்களே முதலில் சொல்லிவிடுவார்கள். ரோஸ்டரைக் கேட்டால்தான் பேச்சு மாறும்" என்று ஒரு ரோஸ்டரின் படத்தை இரண்டு விரலால் விரித்துக் காட்டினாள். மீன்குழம்பு பட்ட சுண்டுவிரலைத் திரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி கட்டங்களில் உள்ள பெயர்களை எண்ணினாள். நான்கு பேர் என்றால் நான்கு இரவுக்கு ஒரு இரவு. ஆண்டுக்கு ஏறத்தாழ 91. இரண்டு பேர் என்றால் 182. நால்வரில் ஒருவர் பிரசவ விடுமுறையில் போனால் அவர் திரும்பும்வரை மிஞ்சிய மூவருக்கும் ஆண்டுக்கு 91 என்ற கணக்கு 121 என்ற கணக்கில் ஓடும். பெயர்களுக்கு நடுவே வெற்றுக் கட்டம் இருந்தால், அதை நிரப்பப்போவது புதிதாகச் சேர்பவர்தான் என்றாள்.

இரவில் அழைத்தால் காலையில் பார்க்கிறேன் என்று சொல்ல முடியாத தொழில் அது. பக்கவாதம் வந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்று சி.டி. ஸ்கேனைப் பார்த்து ஒருவர் சொல்லியாக வேண்டும். ஆகவே விபத்துப் பிரிவு உள்ள பெரிய வைத்தியசாலையின் ரோஸ்டர் ஒரு மாதிரி. பகலில் மட்டும் மார்பகப் பரிசோதனையும் வெளிநோயாளர் ஸ்கேனும் செய்யும் நிலையத்தின் ரோஸ்டர் வேறு மாதிரி. குழாய் செலுத்தி இரத்தப்போக்கை அடைக்கும் இடையீட்டுக் கதிரியல் பக்கம் போனவர்களுக்கு இரவு எதுவும் சொந்தமில்லை. இன்னொரு வழி, படங்களை இணையத்தில் வாங்கி வீட்டிலிருந்தே அறிக்கை எழுதுவது. அமெரிக்காவின் இரவு நமக்குப் பகல் என்பதை வைத்தே பெங்களூரில் 2002 இல் ஒரு நிறுவனம் எழுந்தது. அமெரிக்காவில் இரவு வேலைக்கென்றே சேர்பவர்களுக்கு ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்ற ஏற்பாடும் உண்டு. இதற்கு 'வேலை வாழ்க்கைச் சமநிலை' என்று தராசு தூக்கும் மொழிபெயர்ப்பு நமக்கு எதற்கு? ஓய்வு ஒழிச்சல் என்று அம்மா சொன்னது போதாதா?

தற்செயலாக ஒன்று. 1913 இல் குஸ்தாவ் பக்கி என்ற ஜெர்மன் மருத்துவர், சிதறும் கதிர்கள் எக்ஸ்ரே படத்தை மங்கலாக்காமல் தடுக்க ஈயப் பட்டைகளால் ஒரு கம்பித்தட்டு செய்தார். எக்ஸ்ரே அறையில் இன்றும் 'பக்கி' என்கிறார்கள். பழைய ஒல்லாந்தச் சமையல்காரர் ஒருவர் அதைப் பார்த்திருந்தால் ரோஸ்டர் என்றே சொல்லியிருப்பார்.

சரி, தமிழில் என்ன? 'கடமைப் பட்டியல்' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. ஒருவர் என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்கே நம் அலுவலகங்களில் அந்தப் பெயர். ரோஸ்டர் சொல்வது யார், எப்போது என்பதை. அதற்குரிய தமிழ் முறை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை வயலுக்கு முறை வைத்து விடுகிறார்கள். கோயிலில் ஐந்தாம் திருவிழா எங்கள் முறை என்கிறோம். குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயில் தொழும்புகளை, அதாவது கோயில் பணிகளை, தானத்தார், வரிப்பத்தார் எனப் பங்கிட்ட கதையைக் கோணேசர் கல்வெட்டு என்ற நூல் சொல்கிறது. வேலையைப் பங்கிடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல.

எனவே முறைப்பட்டியல் என்பது பிழையற்ற சொல். எனக்கு அதைவிட 'முறைநிரல்' பிடித்திருக்கிறது. நம் பள்ளிக் கணிதத்தில் கிடையாகப் போவது நிரை, நிலைக்குத்தாக இறங்குவது நிரல். அந்தக் கம்பித்தட்டின் சாயல் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. முறையிலிருந்து முறைப்பாட்டுக்கு அதிக தூரமில்லை என்பது மருமகள் அடித்த பகிடி.

போன கிழமை அழைத்தாள். "மாமா, நீங்கள் சொன்னபடி முறைநிரலை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார்கள். ரோஸ்டர் என்றேன். வேலையில் சேர்ந்த பிறகு தருகிறார்களாம்."