பின்னறைக்கு எட்டாத வைஃபை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மாமியின் பிளட். மூன்றாம் மாடி. வாசலைத் திறந்தால் ஹோல், அதைத் தாண்டி நீளமான நடை, நடையின் இரு பக்கமும் அறைகள், கடைசியில் குசினி. மகள் உயர்தரம் படிக்கிறாள். குசினியை ஒட்டிய கடைசி அறை அவளுடையது. ஒன்லைன் வகுப்பில் ஆசிரியரின் குரல் விட்டுவிட்டு வரும்; பலகையில் எழுதியது பாதியில் உறைந்து நிற்கும். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு ஓடி வருவாள். அங்கே டீவி ஓடிக்கொண்டிருக்கும். "தம்பி, புதுசா ஒரு ரவுட்டர் வாங்க வேணுமோ? ஒருக்கா வந்து பாரன்" என்றார் மாமி.

போய்ப் பார்த்தேன். வாசல் கதவோரம் கண்ணாடி ஷோகேஸ். அதன் கீழ்த்தட்டில், டீவிக்குப் பின்னால், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ரவுட்டர் இருந்தது. ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் கேபிள் நுழைந்த இடத்திலேயே பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கொழும்பில் நான் பார்த்த பல வீடுகளில் இதே கதைதான். கேபிள் எங்கே வந்ததோ, பிளக் எங்கே இருந்ததோ, அங்கேயே ரவுட்டர் குடியிருந்துவிடுகிறது. பிறகு பின்னறையில் சிக்னல் இல்லை என்றதும் பெட்டியைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குறை அது இருக்கும் இடத்தில்தான்.

ஆனால் இடத்தை மாற்றுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். "வைஃபை வேலை செய்யுதில்லை" என்ற ஒரே முறைப்பாட்டுக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. இணையம் ரவுட்டர் வரைக்கும் வருவது ஒரு பாதை. ரவுட்டரிலிருந்து நம் கைக்கு வருவது இன்னொரு பாதை. ரவுட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று வேகத்தை அளந்து பாருங்கள். அங்கேயே மெதுவாக இருந்தால் வீட்டுக்குள் எதை நகர்த்தியும் பயனில்லை, இணைப்புக் கொடுத்தவர்களைத்தான் கூப்பிட வேண்டும். ஃபைபர் பெட்டியில் (கேபிள் முதலில் வந்து சேரும், ரவுட்டர் இணைந்திருக்கும் பெட்டி) சிவப்பு விளக்கு மின்னினால் கண்ணாடி இழை வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். ரவுட்டருக்குப் பக்கத்தில் வேகமாகவும் அறையில் மெதுவாகவும் இருந்தால், கோளாறு நடுவில் இருக்கும் காற்றிலும் சுவரிலும்.

மாமி வீட்டில் ஹோலில் எல்லாம் நன்றாகவே ஓடியது. ஆகவே இது இரண்டாவது வகை.

போனில் தெரியும் கோடுகளை நம்பி இதை ஆராய முடியாது. எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு கம்பனியும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. உண்மையான அளவு டிபிஎம் என்ற எண்: வலுவை ஒரு மில்லிவாற்றோடு ஒப்பிட்டு டெசிபெல் கணக்கில் சொல்வது. ஆண்ட்ரொய்ட் போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன; மெக் கம்பியூட்டரில் ஒப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை அடையாளத்தைச் சொடுக்கினால் எண் தெரியும். அது எப்போதும் மைனஸில் வரும். மைனஸ் 30 என்றால் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். மைனஸ் 67 வரை வீடியோ வகுப்புக்குத் தாராளம். மைனஸ் 75க்குக் கீழே தடுமாற்றம் தொடங்கும். மைனஸ் 85 தாண்டினால் பெயர் மட்டும் தெரியும், வேலை நடக்காது.

இந்த எண்ணுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. 3 டெசிபெல் குறைந்தால் வலு பாதியாகிறது. 10 குறைந்தால் பத்தில் ஒன்று. 20 குறைந்தால் நூறில் ஒன்று. வீட்டு ரவுட்டர் ஒன்று வெளியே விடும் வலு 100 மில்லிவாற்று அளவில் இருக்கும். ஒரு சிறிய டோர்ச் பல்பை எரிக்கக்கூடப் போதாது. நடுவில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் போனுக்கு அதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. ஊதிக்கொண்டே போகும் பலூனின் தோல் மெல்லிதாவது போல, அலை பரவப் பரவ மெல்லிதாகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வலு நான்கில் ஒன்று. மைனஸ் 80 என்பது ஒரு மில்லிவாற்றில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அந்தத் துளியைப் பிடித்து அதிலிருந்து ஒரு மனிதரின் முகத்தையும் குரலையும் போன் மீட்டெடுக்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

போனைக் கையில் பிடித்தபடி மாமி வீட்டில் நடந்தேன். ஹோலில் மைனஸ் 46. நடையின் நடுவில் மைனஸ் 64. கடைசி அறையில், அவளுடைய மேசையில், மைனஸ் 81.

நடையில் நின்ற அலை அறைக்குள் போவதற்குள் 17 டெசிபெல் எங்கே போனது? சுவரைத் தட்டிப் பார்த்தேன். ஹோலுக்கும் நடைக்கும் இடையில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அது 3 டெசிபெல் அளவில்தான் தின்னும். செங்கல் சுவர் அதைவிட இரண்டு மூன்று மடங்கு தின்னும். உள்ளே கம்பி போட்ட கொங்கிறீட் 10, 15, சில வேளை அதற்கும் மேலே. அடுக்குமாடிகளில் தூணும் உத்தரமும் லிஃப்ட் கூண்டின் சுவரும் கொங்கிறீட்தான். இதோடு, அலை சுவரை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதும் இருக்கிறது. நேராக வந்து முட்டினால் பெரும்பங்கு உள்ளே போகும். நடையின் நீளத்துக்கு ஓடி வந்து சுவரை உரசினாற்போல் சந்தித்தால், குளத்தில் சாய்வாக எறிந்த ஓட்டுச் சில்லுப் போல, அதிகம் தெறித்துப் போய்விடும். மாமியின் ரவுட்டர் வீட்டின் ஒரு மூலையில் இருந்ததால் கடைசி அறைச் சுவரை அது உரசியபடிதான் பார்த்தது.

உலோகம் இன்னும் மோசம். அந்த அறைச் சுவரோடு இரும்பு அலுமாரி ஒன்று நின்றது. ரேடியோ அலைக்கு அது மூடிய கதவு. முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்னால் உள்ள உலோகப் பூச்சும் அப்படியே. தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும், ஆகவே மீன் தொட்டியும் ஒரு சுவர்தான். நம் உடம்பும் பெரும்பகுதி தண்ணீர். ரவுட்டருக்கு முதுகைக் காட்டிப் போனைப் பிடித்தாலே எண் சில புள்ளி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். மழையைப் பற்றியும் கேட்பார்கள். மழை கொட்டும்போது டிஷ் டீவி நின்றுவிடுகிறதே என்று. டிஷ்ஷுக்கு வரும் அலை 12 கிகாஹேர்ட்ஸ் அளவில் இருக்கிறது. வானத்திலிருந்து மழை ஊடாக வெகுதூரம் வரவேண்டும். வீட்டு வைஃபை பெரும்பாலும் ஓடுவது 2.4இலும் 5இலும், அதுவும் சில மீட்டர்தான். மழையால் அதற்கு ஒன்றும் ஆகாது.

அந்த இரண்டு மீடிறன்களுக்கும் குணம் வேறு. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்ரிமீட்டர். 5 கிகாஹேர்ட்ஸ் அலை அதில் பாதிதான். குட்டை அலை வேகமாகத் தரவைச் சுமக்கும், ஆனால் கனமான சுவர்களில் சீக்கிரம் களைத்துவிடும். நீள அலை மெதுவானது, சுவரைத் தாண்டும். தூரத்து அறைக்கு 2.4, ரவுட்டர் இருக்கும் அறைக்கு 5. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் எதைப் பிடித்திருக்கிறது என்றே தெரியாது; சோதித்துப் பார்க்கும்வரை வேறு வேறு பெயர் வைப்பது நல்லது.

இந்த அலைநீளத்தில் இன்னொரு விசயம் ஒளிந்திருக்கிறது. 1888இல் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் பௌதிகவியலாளர் ஹென்ரிச் ஹேர்ட்ஸ் தன் விரிவுரை மண்டபச் சுவரில் துத்தநாகத் தகட்டை மாட்டி அதை நோக்கி ரேடியோ அலையை அனுப்பினார். போகும் அலையும் தெறித்து வரும் அலையும் சந்தித்தபோது சில இடங்களில் ஒன்றையொன்று கூட்டின, சில இடங்களில் அழித்தன. கையில் கம்பி வளையத்தோடு மண்டபத்தில் நடந்து, பொறி தோன்றும் இடத்தையும் தோன்றாத இடத்தையும் குறித்தே அலையின் நீளத்தை அளந்தார். அவருடைய அலைகள் மீட்டர் கணக்கில் நீளமானவை. நம் வீட்டிலும் அதேதான் நடக்கிறது, ஆறு சென்ரிமீட்டர் இடைவெளியில். மேசையில் லப்டொப்பை ஒரு சாண் தள்ளி வைத்ததும் வகுப்பு திடீரென்று சரியாகிவிட்டால், வெறுமையான ஒரு புள்ளியிலிருந்து அதைத் தூக்கியிருக்கிறீர்கள்.

தெறிப்பு இன்னொரு தொல்லையும் தரும்: ஒரே செய்தி பல எதிரொலிகளாக வந்து குழம்பும். 1990களில் அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில், ரேடியோ வானியலாளரான ஜோன் ஓசலிவனின் குழு இதற்கு வழி கண்டு 1996இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. எதிரொலிக்கிற மண்டபத்தில் ஒருவர் வேகவேகமாகப் பேசினால் புரியாது. செய்தியைப் பல துண்டாக்கி, பல குரல்களில், ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொன்னால் புரியும். இன்றைய வைஃபை அப்படித்தான் பேசுகிறது.

சரி, அன்டெனாவுக்கு வருவோம். ரவுட்டரின் பின்னால் நிற்கும் குச்சிகள் நுனியால் அலையைப் பீய்ச்சுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அலை குச்சியின் பக்கவாட்டில், ஓர் உளுந்து வடையைக் குச்சியில் கோர்த்தது போல வட்டமாகப் பரவுகிறது. நுனி காட்டும் திசையில்தான் மிகக் குறைவு. ஒரே தளத்தில் பரவ வேண்டுமானால் குச்சி நேராக நிற்க வேண்டும். தெஹிவளைப் பக்கம் இரண்டு மாடி வீட்டில் மேல்மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்க வையுங்கள். மாமியின் ரவுட்டரில் நான்கு குச்சிகளும் ஷோகேஸ் தட்டுக்குள் அடங்குவதற்காக மடங்கிக் கிடந்தன.

எண் நன்றாக இருந்தும் வேகம் வராத இடமும் உண்டு. வீட்டுக்குள் தெளிவாகக் கேட்கும் குரல் புறக்கோட்டைச் சந்தியில் கேட்காது. அந்த பிளட்டில் செயலியைத் திறந்தால் பக்கத்து வீடுகளின் பெயர்கள் திரை நிறைய வந்தன. 2.4இல் சனல்கள், அதாவது ரவுட்டர்கள் பேசும் தடங்கள், 1 முதல் 13 வரை இருந்தாலும் ஒன்றையொன்று மிதிக்காதவை 1, 6, 11 மட்டும். ஆள் குறைவென்று நினைத்து 3ஐயோ 8ஐயோ எடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் இடைஞ்சல். ஒரே சனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்று பேசுவதை மற்றது கேட்டு முறை வைத்துப் பேசும். பாதி மேலேறி நிற்பவைக்கு மற்றதின் பேச்சு வெறும் இரைச்சல். மூன்றில் கூட்டம் குறைந்ததை எடுத்து, சனலின் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள். குசினியில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும் நேரம் மட்டும் இணைப்பு அறுந்தால் காரணம் தேட வேண்டாம், அதுவும் 2.45 கிகாஹேர்ட்ஸில்தான் வேலை செய்கிறது.

வலுக் கூடிய ரவுட்டர் வாங்கினால் சரிதானே என்று மாமி கேட்டார். பேச்சு இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும், பற்றரியில் ஓடும் போன் மெல்லத்தான் பதில் சொல்லும். அந்தப் பதில் கேட்காவிட்டால் கோடு நிறைந்திருக்கும், வேலை நடக்காது. சிக்னலைக் கேட்டுத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரையும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்பேன். சிக்னல் செத்த அறையிலேயே அதைச் செருகுகிறார்கள். தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், மைனஸ் 65 அளவில் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். ஒரே சனலில் கேட்டுத் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும். கேபிளுக்கு ஈடு இல்லை: கெட் 5இ வகை வலையமைப்புக் கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட்டை அப்படியே கொண்டுபோகும்.

சிம் போடும் 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அது கோபுரத்தோடும் பேச வேண்டும், வீட்டோடும் பேச வேண்டும். கோபுரத்தின் பக்கம் பார்க்கும் ஜன்னலோரமே அதற்கு நல்ல இடம்.

மாமி வீட்டில் ஃபைபர் பெட்டி இருந்த இடத்தில் அசையாமல் இருந்தது. 10 மீட்டர் கெட் கேபிளைச் சுவரும் நிலமும் சந்திக்கும் மூலையோடு ஒட்டி ஓட்டி, ரவுட்டரை மட்டும் நடையின் நடுவில், கதவு நிலைக்கு மேலே ஒரு தட்டில் ஏற்றினோம். குச்சிகளை நேராக நிறுத்தினோம். இரும்பு அலுமாரியை நானும் மச்சாளும் தள்ளி எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனோம். சனல் 6இலிருந்து 11க்கு மாறியது. அதே மேசை, அதே போன்: மைனஸ் 63. 18 டெசிபெல் கூடியிருந்தது; வலுவில் ஏறக்குறைய 63 மடங்கு. செலவானது கேபிளுக்கும் தட்டுக்கும் மட்டும்.

அன்று பின்னேரம் அவளுக்கு இரசாயனவியல் வகுப்பு இருந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவள் இரண்டு மணித்தியாலம் வெளியே வரவில்லை.