பிழையை மறைக்கும் போன், பிழையைக் காட்டும் போன்

தரம் 3 பிள்ளை ஒன்று தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து, "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிணறு இருந்தது" என்ற வரியை வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாயில் வருவது "ப… பல்… பல்லிக்கூடத்துக்கு". அதையே போனின் குரல்வழித் தட்டச்சுக்கு வாசித்துக் காட்டச் சொன்னால், திரையில் பெரும்பாலும் "பள்ளிக்கூடத்துக்கு" என்று சுத்தமாக விழும். திக்கியது, திரும்பச் சொன்னது, ளகரத்தை லகரமாக்கியது எதுவுமே அங்கே இருக்காது. பார்க்கிற தாய்க்குப் பிள்ளை சரியாக வாசித்துவிட்டதாகத்தான் தோன்றும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் 2020இல் பாடசாலைகள் மூடிக்கிடந்த நாட்களிலிருந்து, போன் இல்லாமல் வீட்டுப்பாடம் இல்லை என்றாகிவிட்டது. வட்ஸ்அப் குழுவில் பயிற்சித்தாள் வரும். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளத்தில் பாடங்கள் இருக்கின்றன. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் மொழிப் பாடத்துக்கு ஒரு கருவியைத் தேர்வு செய்யும்போது நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: இது பிள்ளையின் பிழையைக் காட்டுகிறதா, மறைக்கிறதா? பதில் சொல்ல வேண்டுமானால், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

குரல் மைக்கில் பட்டதும், பொதுவாக நொடிக்கு 16,000 தடவை அதன் அழுத்தம் அளக்கப்பட்டு எண்ணாகிறது. அந்த எண்களை இயந்திரம் ஏறக்குறைய 25 மில்லிநொடித் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. (ஒலியைக் கணக்காக்கிப் பார்த்த பெரியவர் ஒருவர் நமக்கு இருந்தார். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழ் இசையின் சுரங்களைக் கணித விகிதங்களைக் கொண்டு ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார்.) இயந்திரம் இதுவரை செய்த இவ்வளவும் காது செய்கிற வேலை போன்றது.

அப்புறம்தான் சிக்கல் வருகிறது. கேட்ட ஒலி 'ல்லி'யா 'ள்ளி'யா என்று இயந்திரம் உறுதியாகச் சொல்வதில்லை. இதற்கு இவ்வளவு வாய்ப்பு, அதற்கு அவ்வளவு வாய்ப்பு என்று கணக்கு மட்டுமே போடுகிறது. பிறகு, தான் பழகிய ஏராளமான தமிழ் வாக்கியங்களில் எது வழக்கமாக வருகிறது என்று பார்க்கிறது. 'பல்லிக்கூடம்' எங்குமே இல்லை, 'பள்ளிக்கூடம்' ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஆகவே பின்னதைத் தேர்கிறது. அவசரத்தில் செய்தி அனுப்பும் பெரியவருக்கு இது பெரிய உதவி. திக்கலையும் தடுமாற்றத்தையும் நீக்கித் தருவது அதன் சிறப்பு. வாசிக்கப் பழகும் பிள்ளைக்கோ, ஆசிரியர் பார்க்க வேண்டிய இடத்தையே அது அழித்துவிடுகிறது.

இன்னும் இரண்டு தடைகள் உண்டு. பிள்ளைகளின் தொண்டையும் வாயும் சிறியவை, ஆகவே குரலின் அதிர்வுகள் பெரியவர்களுடையதைவிட உயரத்தில் இருக்கும். பெரும்பாலும் பெரியவர்களின் குரலில் பழகிய இயந்திரம் சிறுவர் குரலில் அதிகம் தடுமாறுகிறது. தமிழில் அது பழகிய குரல்களிலும் பெரும்பங்கு தமிழ்நாட்டுக் குரல்கள். "மறுகா (பிறகு) என்ன நடந்தது?" என்று நம் பிள்ளை கேட்டால், அது வேறெதையாவது எழுதிவைக்கலாம். அதாவது, பிள்ளை பிழைவிட்ட இடத்தில் சரியென்றும், சரியாகச் சொன்ன இடத்தில் பிழையென்றும் காட்டக்கூடிய கருவி இது. இதை வைத்து வாசிப்புக்குப் புள்ளி போடுவது அநியாயம்.

தட்டச்சிலும் இதே கதைதான். நம்மில் பலர் ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்கும் முறையில் எழுதுகிறோம். ல, ள, ழ மூன்றில் எது, ந, ன, ண மூன்றில் எது என்ற முடிவை அங்கே பெரும்பாலும் இயந்திரமே எடுக்கிறது. தரம் 4, 5 பிள்ளை சொல்வதெழுதுதலில் புள்ளி இழப்பது சரியாக இந்த இடங்களில்தான். பிள்ளை எடுக்க வேண்டிய முடிவைக் கருவி எடுத்துக்கொண்டால், பயிற்சி கருவிக்குத்தான். முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் முழுச்சொல்லையும் நீட்டும் பரிந்துரைப் பட்டையும் அப்படியே. நான்கு சொல்லில் சரியானதை அடையாளம் காண்பது ஒரு திறன், ஒன்றுமில்லாத இடத்தில் அதை நினைவிலிருந்து எடுத்து எழுதுவது வேறு திறன். எழுத்துக்கூட்டல் பதிவது இரண்டாவதில். ஆகவே பிள்ளை கையில் கொடுக்கும் போனில் தமிழ் எழுத்துகள் தெரியும் விசைப்பலகையை வையுங்கள், பரிந்துரையையும் தானியங்கித் திருத்தத்தையும் அணைத்துவிடுங்கள்.

அப்படி வைத்தால் இன்னொரு நன்மையும் தானாக வருகிறது. கொப்பியில் 'கொ' எழுதும் பிள்ளை முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று இடமிருந்து வலமாகப் போகிறது. எழுத்துகளைக் கணினியில் பதியும் பொது முறையான யுனிகோடில் 'கொ' இரண்டே குறிகளாகப் பதிவாகிறது: முதலில் க, அடுத்து ஒகரக் குறி. கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், பதிவில் அது ஒலியின் ஒழுங்கில்தான் நிற்கும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்று கரும்பலகையில் எவ்வளவு சொன்னாலும் பிடிபடாத பிள்ளைக்கு, க-வைத் தட்டி அதன்மேல் ஒவ்வொரு உயிர்க்குறியாக ஏற்றிப் பார்க்கும் சில நிமிடங்கள் நன்றாக உதவும். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பயிற்சித்தாளைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யாதீர்கள். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவிட்டது மட்டுமே. உள்ளே இருப்பது தமிழ் அல்ல என்பதால், வாசித்துக்காட்டும் செயலியால் அதைத் தமிழாக வாசிக்க முடியாது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்தத் தாள் வெறும் குப்பையாகப் போகும்.

சரி, பிழையைக் காட்டும் கருவி எது? எல்லாப் போனிலும் இருக்கும் சாதாரண ஒலிப்பதிவுச் செயலி. அது எதையும் ஊகிப்பதில்லை, திருத்துவதில்லை, சொன்னதைச் சொன்னபடி வைத்திருக்கிறது. டேட்டாவும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். வாகரைப் பக்கமோ படுவான்கரையின் உள்ளூர்களிலோ இருக்கும் வகுப்பறைக்கு இது சிறிய விஷயமல்ல. நொடிக்கு 16,000 அளவு, ஒவ்வொன்றும் 2 பைட் என்றால் சுருக்காத ஒரு நிமிடப் பேச்சு 1.9 மெகாபைட் அளவுதான். சுருக்கிப் பதிந்தால் அதில் சிறு பங்கு போதும்.

இது ஏன் வேலை செய்கிறது? வாசிக்கத் தொடங்கும் பிள்ளையின் கவனம் முழுவதும் எழுத்தை ஒலியாக்குவதிலேயே செலவாகிறது. தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கேட்கவோ, பொருளை நினைக்கவோ மிச்சம் இருப்பதில்லை. வாசிப்பை ஆராய்ந்த அமெரிக்கர்களான லபெர்ஜும் சாமுவேல்சும் 1974ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையின் மையக் கருத்து இதுதான்: எழுத்தை அடையாளம் காண்பது தானாக நடக்கும் அளவுக்குப் பழகினால்தான் கவனம் பொருளின் பக்கம் திரும்பும். அதிலிருந்து சாமுவேல்ஸ் 1979இல் மீள்வாசிப்பு முறையை விளக்கினார். ஒரே சிறு பந்தியைச் சரளம் வரும்வரை திரும்பத் திரும்ப வாசிப்பது, அவ்வளவுதான். ஒலிப்பதிவு இதற்கு இன்னொரு படியைச் சேர்க்கிறது. வாசித்து முடித்த பிள்ளை, வரியின் கீழே விரலை ஓட்டிக்கொண்டு தன் குரலையே கேட்கிறது. இப்போது ஒலியாக்கும் சுமை இல்லை, கவனம் முழுவதும் காதில். 'பல்லி' என்று கேட்டதும் விரல் நின்றுவிடும். நாம் சுட்டிக்காட்ட வேண்டியதே இல்லை, அவசரப்பட்டுச் சொல்லியும் விடாதீர்கள்.

பதிவை முக்கால் வேகத்தில் ஓடவிடும் வசதி பல செயலிகளில் உண்டு. பழைய கசற்றை மெதுவாகச் சுற்றினால் குரல் தடித்துப்போகும், இங்கே அப்படி ஆவதில்லை. ஒலியைச் சிறு துண்டுகளாக்கி, துண்டுகளின் உள்ளே கைவைக்காமல், அவற்றை முன்னைவிட விலக்கி அடுக்கி, விளிம்புகளை ஒன்றோடொன்று கலந்துவிடுகிறார்கள். நேரம் நீளும், சுருதி மாறாது. லகரத்துக்கு நாக்கின் நுனி மேல்பல்லின் ஈறைத் தொடுகிறது, ளகரத்துக்குப் பின்னால் வளைந்து மேல் அண்ணத்தைத் தொடுகிறது. மெதுவாக்கிக் கேட்டால் இந்த வேறுபாடு நன்றாகப் பிடிபடும்.

எல்லாப் பிழையும் காதில் விழாது என்பதையும் சொல்ல வேண்டும். ந, ன இரண்டும் இன்றைய பேச்சில் ஒரே ஒலிதான். எத்தனை தடவை கேட்டாலும் பயனில்லை. அங்கே விதிதான் கைகொடுக்கும்: சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. ழகரமும் நம் பக்கம் பலருடைய வாயில் ளகரமாகவே வருகிறது. அந்தச் சொற்களைக் கண்ணால் பார்த்துத்தான் பழக வேண்டும்.

தரம் 6க்கு மேல் இதே பதிவுச் செயலியைக் கொண்டு இன்னும் பெரிய வேலை செய்யலாம். பிள்ளை தன் அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ ஒரு கதையைக் கேட்டுப் பதியட்டும். வசந்தன் கூத்து ஆடிய, வடமோடிக் கூத்தில் வேஷம் கட்டிய பெரியவர் ஊரில் இருந்தால் இன்னும் நல்லது. (பதிய முன் அவரிடம் கேட்க வேண்டும். பிள்ளைகளின் குரலையும் வீட்டாரின் சம்மதமில்லாமல் குழுக்களில் போடக்கூடாது.) பிறகு பத்து நொடி கேட்டு, நிறுத்தி, எழுதி, திரும்பக் கேட்க வேண்டும். ஆசிரியர் வாசிக்கும் சொல்வதெழுதுதலில் சொற்கள் பிரிந்து தெளிவாக வரும். உண்மைப் பேச்சில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். எங்கே பிரிப்பது, எங்கே புணர்ச்சி, எங்கே வாக்கியம் முடிகிறது என்பதைப் பிள்ளைதான் முடிவுசெய்ய வேண்டும்.

செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் 1960களில் மட்டக்களப்புத் தமிழைப் பற்றி எழுதியபோது, தமிழின் பேச்சுவழக்குகளில் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியதாக அதைக் கண்டார். அப்படியிருந்தும் "கிறுகிப் பாத்தான் கா, மறுகா ஒண்ணா எண்டு போயிட்டான்" (திரும்பிப் பார்த்தான், பிறகு மாட்டேன் என்று போய்விட்டான்) என்ற வரி கொப்பிக்கு வரும்போது வகுப்பில் வாக்குவாதம் வரும். அப்படியே எழுதுவதா, மாற்றுவதா? கதைமாந்தர் பேசுவதைப் பேச்சிலேயே விட்டு, கதை சொல்பவரின் வரிகளை மட்டும் எழுத்துத் தமிழாக்கச் சொல்லிப் பாருங்கள். மேற்கோள் குறியையும் நேர்கூற்று, அயற்கூற்றையும் தரம் 8 பிள்ளைகளுக்குப் படிப்பிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.