ஃபத்வா: தீர்ப்பா, விடையா?

2015 செப்டம்பரில் மும்பையைச் சேர்ந்த ரஸா அகாடமி என்னும் முஸ்லிம் அமைப்பு ஒரு ஃபத்வாவை வெளியிட்டது. நபிகள் நாயகத்தின் இளம்பருவத்தைப் பற்றி ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி எடுத்த திரைப்படத்தையும் அதற்கு ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்ததையும் பற்றியது அது; அப்படத்தில் பணியாற்றிய முஸ்லிம்கள் மீண்டும் கலிமா, அதாவது இஸ்லாத்தில் சேர்வதற்கான உறுதிமொழி, சொல்ல வேண்டும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. இத்தகைய செய்தியைத் தமிழில் படிப்பவருக்கு, சம்பந்தப்பட்டவர் மீது ஏதோ தண்டனை விதிக்கப்பட்டுவிட்டது என்ற எண்ணமே முதலில் எழும். அந்த எண்ணத்தை உண்டாக்குவது நாம் ஆளும் சொல்லும் வினையுமே. 'ஃபத்வா பிறப்பித்தார்', 'ஃபத்வா விதித்தார்' என்று எழுதியும் படித்தும் பழகிவிட்ட நமக்கு, ஆணை, தடை, தண்டனை மூன்றும் கலந்த ஒன்றாகவே அச்சொல் மனத்தில் பதிந்திருக்கிறது. அதன் வேரைத் தோண்டிப் பார்த்தால் இம்மூன்றில் ஒன்றுகூட அங்கே இல்லை.

அரபியில் 'ஃபதா' என்றால் இளைஞன். 'அஃப்தா' என்னும் வினைக்கு, கேட்டவருக்கு விளங்காததை விளக்கிச் சொன்னான் என்பது பொருள். இவ்விரண்டையும் அரபு அகராதியாளர்கள் ஒரே வேரில் இணைப்பதுண்டு: இளமை எய்தியவன் உடல் வலுப்பெறுவதுபோல, குழப்பத்தில் தளர்ந்து கிடக்கும் ஒரு செய்தி விளக்கத்தால் வலுப்பெறுகிறது என்பது அவர்கள் சொல்லும் இயைபு. இந்தச் சொற்பிறப்பை ஒப்புக்கொள்ளாதவரும் குர்ஆனில் அவ்வினை ஆளப்பட்டுள்ள இடங்களை மறுக்க முடியாது. யூசுஃப் நபியின் வரலாற்றில், கொழுத்த ஏழு பசுக்களை மெலிந்த ஏழு பசுக்கள் தின்பதாகக் கனவு கண்ட அரசன், தன் அவையோரைப் பார்த்து அதற்குப் பொருள் சொல்லுமாறு கேட்கிறான் (12:43). அங்கே அவன் வாயில் வரும் சொல் 'அஃப்தூனீ', அதாவது எனக்கு ஃபத்வா சொல்லுங்கள். சுலைமான் நபியின் மடல் கிடைத்ததும் ஸபா நாட்டு அரசி தன் அமைச்சர்களிடம் யோசனை கேட்பதும் இதே சொல்லால்தான் (27:32). அவர்கள் தங்கள் கருத்தைச் சொல்லிவிட்டு, முடிவெடுக்கும் அதிகாரம் உம்முடையதே, என்ன கட்டளையிடுவது என்பதை நீரே எண்ணிப் பாரும் என்கிறார்கள். ஃபத்வா சொல்லப்பட்ட பிறகும் கட்டளை கேட்டவர் கையிலேயே இருக்கிறது. இச்சொல்லின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்றை நான் அறியேன்.

ஒரு ஃபத்வா எழுதப்படும் முறையைப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது விளங்கும். தாளின் மேற்பகுதியில் கேள்வி இருக்கும். இந்தியத் துணைக்கண்டத்து மரபில் அது 'பின்வரும் செய்தியில் மார்க்க அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்' என்று தொடங்கும். உண்மையான ஆட்களின் பெயரை எழுத மாட்டார்கள். ஜைது, அம்ரு, பக்ரு, பெண்ணாயின் ஹிந்தா என்று இலக்கணப் புத்தகத்துப் பெயர்களையே இடுவார்கள். 'ஜைது இன்னதைச் செய்தான். அது கூடுமா, கூடாதா?' என்பதோடு கேள்வி முடியும். கீழே 'அல்ஜவாப்' என்று தலைப்பிட்டு விடை வரும். விடையின் கடைசி வரி 'வல்லாஹு அஃலம்', அல்லாஹ்வே நன்கறிந்தவன். அதற்கும் கீழேதான் கையொப்பமும் முத்திரையும். தான் எழுதியதற்கு மேலான அறிவு இறைவனிடமே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் ஒரு தாளைத் தீர்ப்பு என்று எப்படிச் சொல்வது? எந்த நீதிமன்றமும் தன் தீர்ப்பை அப்படி முடிப்பதில்லை.

இஸ்லாமியச் சட்டமரபே இவ்வேறுபாட்டைத் துல்லியமாக வகுத்து வைத்திருக்கிறது. வழக்கை விசாரித்து, இருதரப்பையும் கேட்டு, சாட்சியை ஆராய்ந்து காஜி என்னும் நீதிபதி சொல்வது 'களா', அது கட்டுப்படுத்தும். கேட்டவர் சொன்ன அளவில் செய்தியை எடுத்துக்கொண்டு முஃப்தி சொல்வது ஃபத்வா, அது கட்டுப்படுத்தாது. ஒரு முஃப்தியின் விடையில் மனம் நிறைவடையாதவர் இன்னொருவரிடம் போய்க் கேட்கலாம். நம் உச்ச நீதிமன்றமும் 2014 ஜூலை 7ஆம் நாள் அளித்த தீர்ப்பில், ஃபத்வாவுக்குச் சட்ட வலிமை இல்லை என்றும், யாரையும் அதற்குக் கட்டுப்படுமாறு வற்புறுத்த முடியாது என்றும், ஆனால் ஃபத்வா கொடுப்பதே குற்றமாகாது என்றும் கூறியது. முஃப்திகளின் பழைய நூல்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுவே.

பிறகு எங்கே பொருள் திரிந்தது? 1989 பிப்ரவரி 14 அன்று ஓர் எழுத்தாளரைக் கொல்லச் சொல்லி ஈரானின் ஆயத்துல்லா கொமேனி வெளியிட்ட அறிவிப்பை உலகச் செய்தித்தாள்கள் 'ஃபத்வா' என்று எழுதின. அன்றுமுதல் அச்சொல் உலக மொழிகள் பலவற்றில் மரண தண்டனைக்கு மறுபெயராயிற்று. தமிழுக்கும் அந்த நிழலோடுதான் அது திரும்பி வந்தது. அதற்குச் சற்று முன்னர், 1980களின் இறுதியில், அதே கொமேனி தொலைக்காட்சித் திரைப்படங்களைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விக்கு, அவற்றைப் பார்ப்பதில் பொதுவாகத் தடையில்லை, பல படங்கள் கல்வி தருபவையே என்று விடை சொன்னார். அதுவும் ஃபத்வாதான். உலகம் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

திரைப்படத்தைப் பற்றிய விவாதம் முழுவதும் இப்படி ஒன்றையொன்று மறுக்கும் ஃபத்வாக்களின் வழியேதான் நடந்திருக்கிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உருவம் வரைவோருக்கு மறுமையில் கடும் வேதனை உண்டு என்னும் நபிமொழிகளே பேணுதல் மிக்க தரப்பின் அடிப்படை. இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. சிலை வணக்கத்தை விட்டு வெளியேறிய ஒரு சமூகத்தின் ஆழ்ந்த எச்சரிக்கை அதில் இருக்கிறது. 1899 முதல் 1905 வரை எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த முஹம்மது அப்துஹு இந்த நபிமொழிகளை மறுக்கவில்லை. அவற்றின் காரணத்தைக் கேட்டார். தடை வந்தது சிலை வணக்கத்தை அஞ்சி. அந்த அச்சம் நீங்கிய இடத்தில் மனிதரை வரைவது மரத்தையும் செடியையும் வரைவதைப் போன்றதே. அறிவைப் பெறும் மிகச் சிறந்த வழிகளுள் ஒன்றை மார்க்கம் அடைத்துவிடாது என்று எழுதினார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர்களுள் ஒருவரான முஹம்மது பகீத் அல்முதீஈ இன்னும் நுட்பமாகப் போனார். புகைப்படம் எடுப்பவன் எதையும் படைப்பதில்லை, இறைவன் படைத்த பொருளின் நிழலைச் சிறைப்பிடிக்கிறான், அவ்வளவே என்றார். நிழலைச் சிறைப்பிடித்தல் என்னும் அந்தத் தொடரைப் படிக்கும்போதெல்லாம், திரையைப் பற்றி இதைவிட அழகாக ஒரு சட்ட அறிஞர் சொல்லியிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. மறுபுறம், நூறாண்டு கழித்து 2013லும் தியோபந்தின் தாருல் உலூம் என்னும் மார்க்கக் கல்லூரி, அடையாள அட்டை, கடவுச்சீட்டு போன்ற கட்டாயத் தேவைகளுக்கு விலக்களித்து, மற்றபடி புகைப்படம் கூடாது என்றே சொன்னது.

இருதரப்பும் ஒரே நூலகத்திலிருந்துதான் தத்தம் சான்றுகளை எடுக்கின்றன. தீமைக்குப் போகும் வழியை முன்னரே அடைத்துவிட வேண்டும் என்பது ஒரு சட்ட விதி. கூடாது என்று சான்று வரும்வரை எல்லாப் பொருளும் ஆகுமானதே என்பது இன்னொரு சட்ட விதி. முன்னதைப் பற்றியவரைப் பழமைவாதி என்கிறோம், பின்னதைப் பற்றியவரைத் தாராளவாதி என்கிறோம். பழமைவாதி மார்க்கத்துக்குள் நிற்பதாகவும் தாராளவாதி அதற்கு வெளியே நிற்பதாகவும் எண்ணுவது பிழை. அதே பிழைதான், ஃபத்வா என்றாலே அது தடை என்று எண்ண வைக்கிறது.

தடையாகவே அமைந்தவையும் உண்டு. 1926இல் எகிப்திய நடிகர் யூசுஃப் வஹ்பி ஒரு வெளிநாட்டுப் படத்தில் நபிகளாக நடிக்க இசைந்தபோது கெய்ரோவின் மார்க்கக் கல்விநிலையமான அல்அஸ்ஹர் எதிர்ப்புத் தெரிவித்தது, அவர் பின்வாங்கினார். அவரைப் பின்வாங்க வைத்தது ஆலிம்களின், அதாவது மார்க்க அறிஞர்களின், விடை மட்டும் அன்று; குடியுரிமையைப் பறிப்பேன் என்ற மன்னர் ஃபுவாதின் மிரட்டலும் அதற்குப் பின்னால் நின்றது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1976இல் முஸ்தஃபா அக்காத் இஸ்லாத்தின் தொடக்க வரலாற்றைப் படமாக்கியபோது நபிகளின் உருவத்தைக் காட்டவில்லை, குரலையும் ஒலிக்கவிடவில்லை. நபிகள் இருக்குமிடத்தில் ஒளிப்படக்கருவியை நிறுத்தி, நடிகர்களை அதைப் பார்த்துப் பேச வைத்தார். ஆலிம்களின் விடையே ஒரு படத்தின் காட்சி மொழியை வகுத்த இடம் அது.

விடைக்கும் ஆணைக்கும் உள்ள இடைவெளியை மிகத் தெளிவாகக் காட்டியது சவூதி அரேபியா. 2017 ஜனவரியில் அந்நாட்டின் தலைமை முஃப்தி, திரையரங்குகள் ஒழுக்கக்கேட்டுக்கு வழி என்று சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் அரசு திரையரங்குகளுக்கு உரிமம் வழங்கப்போவதாக அறிவித்தது. 2018 ஏப்ரல் 18 அன்று, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், ரியாத் நகரில் முதல் திரையரங்கு திறந்தது. திரையரங்கை மூடியதும் திறந்ததும் அரசாணையே.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'மார்க்கக் கட்டளை', 'மத ஆணை' என்பன முழுப் பிழை, அவற்றை விட்டுவிடலாம். தமிழ் முஸ்லிம்களிடையே பரவலாக வழங்குவது 'மார்க்கத் தீர்ப்பு'. நீண்ட நாள் வழக்கு என்பதால் அதன்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் அது முஃப்தியைக் காஜியின் இருக்கையில் உட்கார வைத்துவிடுகிறது. 'மார்க்க விளக்கம்' பொருளளவில் சரி. ஆனால் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவும் மார்க்க விளக்கந்தான். ஃபத்வாவைப் பிறவற்றிலிருந்து பிரிப்பது, ஒருவர் கேட்டு ஒருவர் சொல்வது என்னும் இயல்பு. கேள்வி இன்றி அது முறையாகப் பிறப்பதில்லை. ஆகவே கேள்வியை உள்ளடக்கிய சொல்லே வேண்டும், அது 'விடை'. ஃபத்வாவை 'மார்க்க விடை' என்று எழுதுவதே பொருத்தம் என்பது என் துணிபு. மார்க்கம் என்பது வடசொல்லாயினும், தீன் என்னும் அரபுச் சொல்லுக்கு ஈடாகத் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்டுவரும் சொல். அதை மாற்றத் தேவையில்லை.

இது புதிதாகப் புனைந்த வழியும் அன்று. தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய நூலான 'ஆயிர மசலா' 1572இல் மதுரையில் அரங்கேறியது. வண்ணப் பரிமளப் புலவர் பாடிய அந்நூலில் மசலா என்றால் கேள்வி. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்கக் கேட்க நபிகள் விடை சொல்வதாகவே நூல் நடக்கிறது. தமிழில் இஸ்லாம் பேசத் தொடங்கிய காலத்திலேயே கேள்வியும் விடையுமாகத்தான் பேசியது. 'செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்' என்ற தொல்காப்பியத்தின் மொழியில் அதற்கு இடமும் ஆயத்தமாகவே இருந்தது. இவ்வடிப்படையில் ஏனைய சொற்களும் எளிதில் அமையும்: முஃப்தி மார்க்க விடையாளர், முஸ்தஃப்தி வினவுபவர், இஃப்தா விடையளித்தல். ஃபத்வாவை அப்படியே எழுத விரும்புவோர் வினையையாவது திருத்திக்கொள்ளலாம். ஃபத்வா கொடுத்தார், வழங்கினார், சொன்னார் என்பன சரி; பிறப்பித்தார், விதித்தார் என்பன தவறு.

இன்னொரு மயக்கத்தையும் தவிர்க்க வேண்டும். 2013 ஜனவரியில் கமல்ஹாசனின் ஒரு திரைப்படத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் முஸ்லிம் அமைப்புகள் அரசிடம் முறையிட்டன. 31 மாவட்டங்களில் 144 தடையுத்தரவு வழியே அது நிறுத்திவைக்கப்பட்டது. அதை ஃபத்வா என்று சொல்லக்கூடாது. அமைப்புகள் வைத்தது கோரிக்கை, ஆட்சியர்கள் இட்டது ஆணை. மார்க்க விடைக்கு அங்கே இடமே இல்லை.

ரஹ்மான் தமக்கு எதிரான ஃபத்வாவுக்கு ஒரு திறந்த மடலில் மறுமொழி எழுதினார். தாம் மார்க்க அறிஞர் அல்லர் என்றும், நடுவழியைப் பின்பற்றுபவர் என்றும், பாதி மரபுவாதி, பாதி பகுத்தறிவாளர் என்றும் சொல்லிக்கொண்டார். மறுமையில் இறைவன் முன் நிற்கும்போது, உனக்கு இத்தனையும் கொடுத்தேனே, என் நேசருக்குரிய படத்துக்கு ஏன் இசையமைக்கவில்லை என்று அவன் கேட்டுவிட்டால் என்ன செய்வேன் என்பது அம்மடலின் உள்ளம். வாபிஸா என்னும் தோழரிடம் நபிகள் சொன்ன ஒரு சொல் இங்கே நினைவுக்கு வருகிறது: மக்கள் உனக்கு ஃபத்வா கொடுத்தாலும் சரியே, உன் உள்ளத்திடம் ஃபத்வா கேள். அந்த வாக்கியத்தில் ஃபத்வா நிற்கும் இடங்களில் முதலில் 'தீர்ப்பு' என்றும் பிறகு 'விடை' என்றும் இட்டுப் படித்துப் பாருங்கள்.