சிப்பி ஓட்டில் இருக்கும் மழைக் கணக்கு

கோடையில் ஏரி வற்றி, உள்வாயில் சேறு பாளம் பாளமாக வெடிக்கும்போது சிப்பி ஓடுகள் தானாக வெளியே தெரியும். காவேரிப்பாக்கம் மாதிரிப் பெரிய ஏரி ஆனாலும் சரி, குடியாத்தம் பக்கத்துச் சிற்றேரி ஆனாலும் சரி, வடாற்காட்டுக்காரர்களுக்கு இது பழகிய காட்சி. அந்த ஓட்டின் முதுகைக் கருங்கல்லில் தேய்த்து ஓட்டை போட்டு, அதை வைத்து மாங்காய்த் தோல் சீவுவது கிராமத்துப் பிள்ளைகளின் பழைய பழக்கம். தேய்க்கும்போது கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஓட்டின் அமைப்பு தெரிந்துவிடும். முதலில் பழுப்பான மேல்தோல் உரியும். அது புரதத்தால் ஆனது. அடியில் மங்கிய வெள்ளை அடுக்கு. இன்னும் தேய்த்தால் முத்தின் பளபளப்போடு உள் அடுக்கு. வெளிப்பக்கத்தில் விளிம்பை ஒட்டியே வளைந்து வளைந்து வரிகள் போகும். சில இடத்தில் வரிகள் தள்ளித் தள்ளி இருக்கும், சில இடத்தில் நெருங்கிக் கறுத்திருக்கும்.

அந்த வரிகளுக்கு இடையில் இருக்கும் சுண்ணாம்பைச் சோதித்தால், சிப்பி உயிரோடு இருந்த ஆண்டுகளில் ஏரிக்கு எப்போது புதுத் தண்ணீர் வந்தது, எப்போது வற்றத் தொடங்கியது என்று சொல்ல முடியும். ஓடு ஐயாயிரம் ஆண்டு பழையதாக இருந்தாலும், கெடாமல் இருந்தால் சொல்ல முடியும். எப்படி என்று பார்ப்போம்.

சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சதைப் படலம்தான் ஓட்டைக் கட்டுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்து, கால்சியம் கார்பனேட்டாக விளிம்பில் படிய வைக்கிறது. ஏரிச் சிப்பியில் இது பெரும்பாலும் அரகோனைட் என்ற படிக வடிவத்தில் இருக்கும். புதுச் சுண்ணாம்பு விளிம்பில்தான் சேரும். ஆகவே இரண்டு ஓடுகளும் சேரும் கீல் பக்கத்து முனை அதன் குழந்தைப் பருவம். வெளி விளிம்பு அது செத்த நாள். விளிம்பில் ஒரு முறை படிந்த சுண்ணாம்பைச் சிப்பி திரும்பப் பிரித்துக் கட்டுவதில்லை. ஒவ்வொரு கார்பனேட்டிலும் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. அந்த ஆக்சிஜனின் குணம், சிப்பி வாழ்ந்த தண்ணீரின் குணத்தைப் பொறுத்தது. மொத்த வித்தையும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

இயற்கையில் ஆயிரம் ஆக்சிஜன் அணுக்களை எடுத்தால் ஏறக்குறைய இரண்டு மட்டும் எடை கூடியவை. சாதாரண ஆக்சிஜனின் நிறை எண் 16, இவற்றுக்கு 18. வேதியியலில் இரண்டும் ஒரே பொருள்தான், ஆனால் கனமானது கொஞ்சம் மந்தமாக நடந்துகொள்ளும். தண்ணீரிலிருந்து சுண்ணாம்பு படியும்போது குளிர் கூடினால் ஆக்சிஜன்-18 சற்று அதிகமாக ஓட்டுக்குள் போகும். வெப்பம் கூடினால் குறையும். 1934-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்டு யூரி, 1947-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். கடல் உயிரியின் ஓட்டை வைத்து, அது வாழ்ந்த கடலின் வெப்பநிலையைச் சொல்லிவிடலாம் என்பதே அதன் பொருள்.

சொல்வது சுலபம், அளப்பது கஷ்டம். ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் ஓட்டில் உள்ள கன ஆக்சிஜனின் விகிதம் ஆயிரத்தில் கால் பங்கு அளவுக்குத்தான் மாறும். இதைப் பிடிக்கும் நுட்பமுள்ள நிறை நிறமாலைமானியை, அதாவது எடையை வைத்து மூலக்கூறுகளைப் பிரித்து எண்ணும் கருவியை, உருவாக்க யூரியின் சிகாகோ குழுவுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அவர்கள் அளவுகோலை உருவாக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உயிரோடு இருக்கும் மெல்லுடலிகளின் ஓட்டில் சிறு துளை போட்டு, வெப்பநிலை தெரிந்த தொட்டியில் விட்டார்கள். துளையை அடைக்க அவை புதிதாகச் சுண்ணாம்பு வைத்தன. அந்த ஒட்டுப்போட்ட பகுதியை மட்டும் எடுத்துச் சோதித்தால், இந்த வெப்பத்துக்கு இந்த விகிதம் என்று நேரடியாகத் தெரிந்துவிடும். 1951-இல் அதே குழு, ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த பெலம்னைட் என்ற கணவாய் இனத்துப் புதைபடிவத்தை அடுக்கடுக்காகச் சுரண்டி அளந்தது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த ஒரே பிராணி மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் பார்த்தது என்று அவர்களால் எண்ணிச் சொல்ல முடிந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓட்டின் விகிதம் வெப்பநிலையை மட்டும் பொறுத்தது அல்ல. தண்ணீரின் சொந்த விகிதத்தையும் பொறுத்தது. தெரியாத எண் இரண்டு, சமன்பாடு ஒன்று. கடலில் தண்ணீரின் விகிதம் அவ்வளவாக மாறாது என்பதால் ஓரளவு சமாளிக்கலாம். அங்கேயும் பனியுகங்களில் லேசான ஆக்சிஜன் கொண்ட நீர் பனிப்பாறையாகத் தரையில் தங்கிவிட, கடல் நீர் கனத்துப் போனது. கடலடி மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் ஓடுகளை அளந்து, 1955-இல் செசாரே எமிலியானி என்ற ஆய்வாளர் வெப்பநிலை மாற்றம் என்று படித்த கோடுகளில் பெரும்பகுதி பனியின் அளவைக் காட்டுகிறது என்று 1967-இல் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் எடுத்துக்காட்டினார்.

சரி, வேலூருக்கு வருவோம். கடல் ஆய்வாளருக்குத் தொல்லையாக இருந்த அந்தச் சிக்கல்தான் ஏரி ஆய்வாளருக்கு லாபம். நம் ஏரித் தண்ணீர் ஆண்டு முழுவதும் ஒரே தண்ணீராக இருப்பதில்லை. மழை பலமாகக் கொட்டும்போது, மேகத்திலிருந்து கன ஆக்சிஜன் கொண்ட நீர் முதலில் விழுந்துவிடும். தொடர்ந்து பெய்யப் பெய்ய மழைநீர் லேசாகிக்கொண்டே போகும். தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழையின் நீர் தென்மேற்கு மழையைவிடப் பொதுவாக லேசானது. வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி இரண்டு நாள் விடாமல் அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை மழை இன்னும் லேசு. கடற்கரை மாவட்டங்களைப் போல வேலூர் வடகிழக்கு மழையை மட்டும் நம்பியிருக்கும் ஊர் அல்ல. ஆடி ஆவணியில் சாயங்கால இடியோடு வரும் தென்மேற்கு மழையிலும் நமக்குக் கணிசமான பங்கு உண்டு. ஆக, ஒரே ஏரிக்கு ஓராண்டில் இரண்டு வகைத் தண்ணீர் வந்து சேர்கிறது.

அப்புறம் வெயில். தண்ணீர் ஆவியாகும்போது லேசான மூலக்கூறுகள் முந்திக்கொண்டு போகும், கனமானவை பின்தங்கும். குழம்பு சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பது மாதிரி, ஏரி சுண்டச் சுண்ட அதில் ஆக்சிஜன்-18 கூடிக்கொண்டே போகும். நீர் வெப்பநிலை ஏழெட்டு டிகிரி ஏறி இறங்கினால் ஓட்டில் ஆயிரத்துக்கு இரண்டுக்கும் குறைவான மாற்றமே வரும். ஆனால் தையிலிருந்து வைகாசி வரை கலங்கல் வழியாக வெளியேறாமல் வெயிலில் மட்டும் வற்றும் ஆழமில்லாத ஏரியில், ஆவியாதல் அதைவிடப் பெரிய மாற்றத்தை எதிர்த் திசையில் உண்டாக்கும். அதனால் வேலூர் ஏரிச் சிப்பியை வெப்பமானியாகப் படித்தால் தப்பான விடைதான் வரும். அதை மழைமானியாகவும் ஏரியின் நீர்மட்டக் கோலாகவும் படிக்க வேண்டும். கடல் கிளிஞ்சல் பற்றிப் படித்துவிட்டு நம் ஊர்ச் சிப்பியைக் கையில் எடுப்பவர்கள் இதைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

சோதனைக்கூடத்தில் வேலை இப்படி நடக்கும். ஓட்டைப் பிசினில் பதித்து, கீலிலிருந்து விளிம்பு வரை அதிக வளர்ச்சி இருக்கும் கோட்டில் வைரம் பதித்த ரம்பத்தால் குறுக்கே அறுப்பார்கள். வெட்டு முகத்தை மெருகேற்றினால் உள்ளே வரிகள் சாய்ந்து அடுக்கியிருப்பது உருப்பெருக்கியில் தெளிவாகத் தெரியும். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற நுண் துளைப்பானால், விளிம்பில் தொடங்கிக் கீல் நோக்கி, வரிக்கு வரி பொடி எடுப்பார்கள். ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு பொடி போதும். அதன்மேல் பாஸ்பாரிக் அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். அந்த வாயுவை நிறை நிறமாலைமானிக்குள் விட்டால், லேசான மூலக்கூறும் கன மூலக்கூறும் பிரிந்து எண்ணிக்கையாக வரும். ஒரு ஓட்டில் இப்படி நாற்பது ஐம்பது இடத்தில் எடுத்துப் புள்ளி வைத்தால் ஏறி இறங்கும் கோடு கிடைக்கும். கோடு படிப்படியாக ஏறினால் ஏரி வற்றியது. சட்டென்று விழுந்தால் வெள்ளம் வந்தது.

கடும் கோடை மட்டும் இந்தக் கோட்டில் சரியாகப் பதிவதில்லை. தண்ணீர் போய்விட்டால் சிப்பி இறுக மூடிக்கொள்ளும். வயலிலும் ஏரியிலும் பிடித்துச் சமைக்கும் உருண்டை நத்தை இன்னும் ஒரு படி மேலே போய், சேற்றுக்குள் இறங்கி வாய்மூடியைச் சாத்திக்கொண்டு மழை வரும்வரை தூங்கும். அந்தக் காலத்தில் ஓடு வளராது. வறட்சி முற்றிய மாதங்கள் நெருங்கிய கறுப்பு வரியாக மட்டும் நிற்கும். அதற்கு அடுத்த பொடி புது மழையின் பொடி. ஆகவே கோட்டில் கிடைக்கும் உச்சப்புள்ளியை ஏரி வற்றியதன் எல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மை அதற்கும் மேலேதான் இருந்திருக்கும்.

நிலத்து நத்தை வேறு மாதிரி. அது ஏரித் தண்ணீரில் இல்லை. மழை ஈரத்தில் வெளியே வந்து வளர்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க ராட்சத நத்தையின் வளர்ச்சி வரிகளில் பருவமழையின் ஏற்ற இறக்கம் பதிவாகியிருப்பதை 2013-இல் வெளியிட்டார்கள். தோட்டத்தில் செடியை அழிக்கிறது என்று நாம் உப்புப் போட்டுக் கொல்லும் அதே நத்தைதான். நிலத்து நத்தையின் ஓட்டில் கார்பனும் பேசும். நெல், நிலக்கடலை ஒரு வகை ஒளிச்சேர்க்கை செய்பவை; கேழ்வரகு, கம்பு, சோளம், கரும்பு வேறு வகை. முதல் வகைச் செடிகளில் எடை கூடிய கார்பனான கார்பன்-13 குறைவு, இரண்டாம் வகையில் கூடுதல், வித்தியாசம் ஆயிரத்துக்குப் பத்துக்கு மேல். நத்தை எதைத் தின்றதோ அது ஓட்டிலும் தெரியும். சுற்றிலும் மரமும் புதரும் இருந்தனவா, புல்லும் சிறுதானியக் கொல்லையும் இருந்தனவா என்று ஒரு மண்ணடுக்கின் நத்தைகளை வைத்து ஊகிக்க முடியும். திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்ததை அகழாய்வு காட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களின் மண்ணைச் சலிக்கும்போது கிடைக்கும் நத்தை ஓட்டை எறியாமல் வைக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

கால்சியத்தின் இடத்தில் வேறு உலோகங்களும் உட்காரும். ஸ்ட்ரான்சியம், மெக்னீசியம், பேரியம், மாங்கனீசு, ஈயம். அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்பகுதிச் சிப்பிகளில், ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய காலத்து ஏற்றமும் அது குறைந்த பிறகு வந்த இறக்கமும் அளக்கப்பட்டிருக்கின்றன. பாலாற்றங்கரையில் இருக்கும் நமக்கு இது வெறும் செய்தி அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு ஆற்றைச் சீர்செய்ய வேண்டுமானால் அது கெடுவதற்கு முன் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். அன்றைக்கு யாரும் அளந்து வைக்கவில்லை. பழைய சிப்பி ஓடுகள் அந்த முந்தைய தண்ணீரில் கட்டப்பட்டவை. உலோகம் பிராணியின் உடல் வழியாகப் போவதால் ஓட்டில் உள்ள அளவை அப்படியே தண்ணீரின் அளவு என்று எழுத முடியாது. ஆனால் ஒரே இனத்தின் பழைய ஓட்டையும் புதிய ஓட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

ஒரு சிப்பி சில ஆண்டுகளைத்தான் சொல்லும். ஐஸ்லாந்துக் கடலில் 2006-இல் எடுத்த ஒரு சிப்பிக்கு 507 வயது என்று வரிகளை எண்ணிக் கண்டார்கள், ஆனால் நம் ஏரிச் சிப்பிக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. தாது வருஷப் பஞ்சம் வடாற்காட்டை வாட்டிய 1876 முதல் 1878 வரை ஏரிகள் எப்படி இருந்தன, 1903 நவம்பரில் வாணியம்பாடியை அடித்துப்போன பாலாற்று வெள்ளம் தண்ணீரை எவ்வளவு மாற்றியது என்று கேட்டால், அந்தந்தக் காலத்தில் செத்த ஓடுகள் வேண்டும். ஏரி உள்வாயில் தூர் வாரிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அடுக்குகள் கலைந்துபோயிருக்கும். கலையாத இடம் பழைய ஆற்றங்கரை வண்டலும் தூர்ந்துபோன கால்வாய்களும்தான். இப்போது பொக்லைன் வைத்து மணலும் வண்டலும் அள்ளப்படுவதும் அங்கேதான். மணல் போவதோடு இந்தப் பதிவும் லாரியில் ஏறிப் போகிறது. இது எனக்கு உண்மையான வருத்தம்.

கிடைக்கும் எல்லா ஓடும் உதவாது. அரகோனைட் காலப்போக்கில் கால்சைட் என்ற வேறு படிக வடிவமாக மாறினால் ஆக்சிஜனும் மாறியிருக்கும். எக்ஸ்ரே சோதனையில் அது தெரியும். நெருப்பில் சுட்ட ஓடும் அப்படியே. கிளிஞ்சலைக் காளவாயில் போட்டுச் சுண்ணாம்பாக்கினால் பழைய கார்பன் டை ஆக்சைடு முழுக்க வெளியேறி, பிறகு சுவரில் காயும்போது காற்றிலிருந்து புதியதை வாங்கிக்கொள்ளும். அதில் ஏரியின் சுவடே இருக்காது. வயதை, காலம் போகப் போகச் சிதைந்து குறையும் கார்பன்-14 கொண்டு கணக்கிடும்போதும் எச்சரிக்கை வேண்டும். நம் நிலத்தில் சுண்ணாம்புப் பாறை குறைவுதான், ஆனால் மண்ணில் சுண்ணாம்புக் கட்டிகளாகக் கிடக்கும் சுக்கான் கல் உண்டு. அதிலிருந்து கரையும் பழைய கார்பனைச் சிப்பி எடுத்துக்கொண்டால் ஓடு உண்மையைவிட வயது கூடியதாகத் தெரியும். அதே அடுக்கில் கிடைக்கும் கரித்துண்டு ஒன்றைச் சேர்த்துச் சோதித்தால் இதைச் சரிபார்க்கலாம்.

ஆற்றங்கரை வெட்டுமுகத்தில் சிப்பி அடுக்கு கண்ணில் பட்டால், இரண்டு ஓடும் இன்னும் சேர்ந்தே இருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் அது வேறெங்கிருந்தோ அடித்து வரப்படாமல் அங்கேயே வாழ்ந்து செத்தது. தரையிலிருந்து எவ்வளவு ஆழம் என்று அளந்து, அடுக்கோடு ஒரு போட்டோ எடுத்து, இடத்தின் பெயரை எழுதி வைத்து, பக்கத்துக் கல்லூரியின் புவியியல் துறையிடமோ தொல்லியல் துறையிடமோ காட்டலாம். எடுத்த ஓட்டைச் சுத்தமாக்க வேண்டும் என்று வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்ற வேண்டாம். அமிலம் முதலில் கரைப்பது விளிம்பை, அதாவது அந்தச் சிப்பியின் கடைசி மாதங்களை.