அதே பாட்டு, வேறு குரல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் பாட்டில்லாமல் நடந்ததில்லை. சில மாதங்களுக்கு முன் அப்படியொரு காலையில், பழைய தமிழ்த் திரைப்பாடல்களை மட்டும் எடுத்து இளம் பாப் பாடகி ஒருவர் தன் குரலில் பாடி வெளியிட்ட தொகுப்பை என் அண்ணன் மகன் கைபேசியிலிருந்து ஒலிக்கவிட்டான். இன்ன பாட்டு என்று சொல்லிவிட்டுத்தான் போட்டான். முகப்பிசை தொடங்கி இரண்டு வினாடிகூட ஆகியிராது. எண்பதை நெருங்கும் என் அம்மா, அதாவது பையனுக்கு ஆயா, கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு, "இது அந்தப் பாட்டு இல்லையே" என்றார். பாட்டு அதுதான். மெட்டு மாறவில்லை, சொற்களும் மாறவில்லை. அண்ணியோ அதையே மறுபடியும் போடச் சொன்னார். தமிழில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராத பையன் பல்லவியின் மூன்றாவது வரியிலிருந்து கூடவே பாடினான்.

ஒரே சமையலறையில் எழுந்த இந்த மூன்று விதமான வரவேற்பும், கவர் பாடல், அதாவது ஒருவர் முன்பு பாடியதை இன்னொருவர் மீண்டும் பாடும் பாடல், தொகுப்பாக எங்கே வெளிவந்தாலும் காணக்கூடியதுதான். ராக் பாடகியாகப் பெயர் பெற்ற லிண்டா ரான்ஸ்டட் 1983இல் பழைய அமெரிக்கப் பாடல்களைப் பாடியபோதும், கரகரத்த குரலுக்குப் பெயர் போன ராட் ஸ்டூவர்ட் 2002இல் அதே வழியில் இறங்கியபோதும், 2006இல் பேரி மேனிலோ 1950களின் பாடல்களைத் திரும்பப் பாடி அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தபோதும், ரசிகர்களில் ஒரு சாரார் கொண்டாடினர், ஒரு சாரார் முகம் சுளித்தனர். தமிழிலும் இது புதிதன்று. 1970இல் வெளிவந்த ‘சொர்க்கம்’ படத்தின் ‘பொன்மகள் வந்தாள்’ பாடலை 2007இல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மான் புதுக்கியபோது எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சிகள் இருந்தன. இதைச் சுவை வேறுபாடு என்று சொல்லி விட்டுவிடலாம்தான். ஆனால் மெட்டும் சொல்லும் ஒன்றாகவே இருக்கும்போது காது எதை மறுக்கிறது என்ற கேள்வி அப்போதும் நிற்கிறது.

ஒரு பாட்டு எப்போது ‘அதே பாட்டு’ ஆகிறது என்பதை முதலில் தெளிவாகக் கேட்டவர்களில் ஒருவர் ஆஸ்திரியத் தத்துவ அறிஞர் கிறிஸ்டியன் ஃபான் எரன்ஃபெல்ஸ். ஒரு மெட்டின் எல்லாச் சுரங்களையும் ஒரே அளவு மேலே தூக்கிவிட்டால், முன்பு ஒலித்த ஒரு சுரம்கூட மிஞ்சாமல் போகலாம். இருந்தும் கேட்பவர் அதே மெட்டு என்கிறாரே, எப்படி என்று அவர் 1890இல் எழுதினார். நம்மவர்களுக்கு இது வியப்பாக இராது. ஆண் பாடகர் ஒன்றரைக் கட்டையில் பாடும் கீர்த்தனையைப் பாடகி ஐந்தரைக் கட்டையில் பாடினால் யாரும் அதை வேறு கீர்த்தனை என்று சொல்வதில்லை. சுருதியைப் பாடுபவரின் குரல்தான் முடிவு செய்கிறது. மூளை இங்கே பிடித்து வைத்திருப்பது அதிர்வெண்களையல்ல. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்ற படிகளை. இதைப் பாட்டின் எலும்புக்கூடு என்று வைத்துக்கொள்வோம்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் கவர் பாடலைக் கேட்டு யாருக்கும் மனம் நோக வேண்டியதில்லை. முடியவில்லை என்று காட்டியது உளவியலாளர் டேனியல் லெவிட்டின் 1994இல் வெளியிட்ட ஆய்வு. இசைப் பயிற்சி உண்டா இல்லையா என்று பார்க்காமல் தேர்ந்தெடுத்த 46 பேரிடம், தங்களுக்கு நன்கு பழகிய பாப் பாடல் ஒன்றை மனத்தில் ஓடவிட்டு வாய்விட்டுப் பாடச் சொன்னார். சுருதிப் பெட்டியோ இசைத்தட்டோ துணைக்கு இல்லை. ஆளுக்கு இரண்டு பாடல்கள். அவர்களில் 40 விழுக்காட்டினர் குறைந்தது ஒரு பாட்டையாவது இசைத்தட்டில் உள்ள அதே சுருதியில் தொடங்கினர். 44 விழுக்காட்டினர் இரண்டு பாடல்களிலும் இரண்டு அரைக் கட்டைகளுக்கு மேல் விலகவில்லை; அரைக் கட்டை என்பது ஆர்மோனியத்தில் ஒரு சாவிக்கும் அடுத்த சாவிக்கும் உள்ள இடைவெளி. காலப்பிரமாணத்திலும் இதே துல்லியம் தெரிந்தது: 1996இல் லெவிட்டினும் பெரி குக்கும் அந்தப் பாடல்களின் வேகத்தை அளந்தபோது, நூற்றுக்கு 72 பாடல்கள் அசலின் வேகத்திலிருந்து 8 விழுக்காட்டுக்குள் இருந்தன. தமக்குச் சுருதி ஞானமே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கும் பலரிடம் இசைத்தட்டின் சுருதி அப்படியே பதிந்திருக்கிறது என்பது இதன் பொருள்.

சுருதியும் வேகமும் மட்டும் பதிந்திருந்தால்கூட அம்மா இரண்டு வினாடிக்குள் தீர்ப்புச் சொல்லியிருக்க முடியாது. அதற்கான விளக்கம் 1999இல் கிளென் ஷெல்லன்பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனையில் இருக்கிறது. புகழ்பெற்ற பாடல்களிலிருந்து ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில் சிறு துணுக்குகளை வெட்டி, இது எந்தப் பாட்டு என்று கேட்டார்கள். அவ்வளவு சிறிய துணுக்கில் மெட்டும் இராது, தாளமும் இராது. இருந்தும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடத் தெளிவாக அதிகமானோர் சரியாகச் சொன்னார்கள். அதே துணுக்கைப் பின்னோக்கி ஒலிக்கவிட்டபோதும், அதிலிருந்து உயர் அதிர்வெண்களை நீக்கியபோதும் அந்தத் திறன் மறைந்துபோனது. ஆகவே அவர்கள் பற்றிக்கொண்டது குரலின், வாத்தியத்தின் ஒலிப்பண்பை. வீணையின் ‘ஸ’வையும் குழலின் ‘ஸ’வையும் வேறுபடுத்திக் காட்டுவது எதுவோ அது.

ஆக, நினைவில் இருப்பது ஒரு பிரதி அல்ல, இரண்டு. ஒன்று எலும்புக்கூடு; யார் பாடினாலும் அது பொருந்தும். மற்றொன்று குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு கூடத்தில், குறிப்பிட்ட சிலர் வாசித்துப் பாடிய பதிவு. அதற்கு அது ஒன்றுதான் பொருந்தும். கவர் பாடல் முதற்பிரதியோடு ஒத்துப்போய் இரண்டாம் பிரதியோடு மோதுகிறது. முற்றிலும் புதிய பாட்டொன்றைக் கேட்டால் எந்தப் பிரதியும் விழித்துக்கொள்வதில்லை. அதனால்தான் சுமாரான புதுப்பாட்டைப் பொறுத்துக்கொள்ளும் அதே காது, நன்றாகவே பாடப்பட்ட பழைய பாட்டைப் பொறுக்க மறுக்கிறது.

கர்நாடகக் கச்சேரியில் இந்த மோதல் ஏன் எழுவதில்லை என்று யோசித்தால் விஷயம் இன்னும் விளங்கும். அங்கே பாடப்படுவதில் பெரும்பகுதி, கண்டிப்பாகப் பார்த்தால், கவர் பாடல்தான். தியாகராஜர் பாடியதைக் கேட்டவர் யாரும் இன்று இல்லை. ஒவ்வொரு வித்துவானும் தமக்குரிய சங்கதிகளோடு பாட, அவற்றையெல்லாம் கேட்ட ரசிகரின் மனத்தில் எலும்புக்கூடு உறுதியாகவும் மேற்பூச்சு நெகிழ்வாகவும் அமைகிறது. திரைப்பாடலுக்கு அந்த நெகிழ்ச்சி வாய்க்கவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் அடங்கியது. அந்த மூன்று நிமிடமே பாட்டு என்று ஆகிவிட்டது. இடையிசையில் வரும் குழலும், சரணத்துக்கு முன் பாடகர் இழுக்கும் மூச்சும்கூடச் சாகித்தியத்தின் பகுதியாகிவிட்டன. அசலைக் கெடுத்துவிட்டார்கள் என்ற முறையீடு பாட்டினால் பிறந்தது என்பதைவிட இசைத்தட்டினால் பிறந்தது என்பதே என் கணிப்பு.

இனி, மோதல் எழும் அந்தக் கணத்தைப் பார்ப்போம். பாட்டைக் கேட்கும்போது மூளை சும்மா வாங்கிக்கொண்டிருப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஓயாமல் முன்கூட்டிக் கணித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கணிப்பு இருவகைப்படும் என்று உளவியலாளர் ஜம்ஷெத் பரூச்சா பிரித்துக் காட்டினார். இந்த இசைமரபில் இப்படிப்பட்ட சுரத்துக்குப் பின் இப்படிப்பட்ட சுரம் வருவது வழக்கம் என்ற பொதுக் கணிப்பு ஒன்று. இந்தப் பாட்டில், இந்த இடத்தில், இதுதான் வரும் என்ற குறிப்பான கணிப்பு மற்றொன்று. பாடகி ஒரு சொல்லைச் சற்றுத் தாமதித்துப் பாடினால் அது மரபுக்கு முரணாகாது. முதல் கணிப்பு அமைதியாக இருக்கும், இரண்டாவது கணிப்பு மட்டும் துள்ளி எழும். எதிர்பாராத ஒலி வந்தால் ஒரு வினாடியின் நான்கில் ஒரு பங்கு கழிவதற்குள் மூளையின் மின்னலைகளில் அதற்கென ஒரு தனி அடையாளம் தோன்றுவதை ஃபின்லாந்தின் ரிஸ்டோ நாட்டானனும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் விவரித்தனர். கேட்பவர் அந்த ஒலியில் கவனம் வைத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலும் போதும்.

இன்பம் எங்கே நுழைகிறது என்பதை 2011இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் சட்டோரேயும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். புல்லரிக்க வைக்கும் பாட்டை அவரவரே கொண்டுவரச் செய்து, கேட்கும்போது மூளையைப் படம்பிடித்ததில், இன்பத்தோடும் எதிர்பார்ப்போடும் தொடர்புடைய டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் இருமுறை சுரப்பது தெரிந்தது. புல்லரிப்பின் உச்சத்தில் மூளையின் ஒரு பகுதியில் சுரக்கிறது; அதற்குச் சில வினாடிகள் முன்பே, இதோ வரப்போகிறது என்று காத்திருக்கும்போது, வேறொரு பகுதியில் சுரந்துவிடுகிறது. பழகிய பாட்டின் இன்பத்தில் பாதி இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், குரங்குகளை வைத்து வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் நடத்திய சோதனைகளில், எதிர்பார்த்த பழச்சாறு வர வேண்டிய நேரத்தில் வராமல் போனால் டோபமைன் நரம்பணுக்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்குவது தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அம்மா காத்திருந்த குழலோசைக்குப் பதில் கிட்டார் வந்த இடத்தில் நேர்ந்தது வெறும் இன்பக் குறைவு அல்ல, ஏறக்குறைய ஓர் ஏமாற்றம் என்று ஊகிக்கலாம். பழச்சாற்றிலிருந்து பாட்டுக்குத் தாவுவது என் ஊகம்தான்.

அப்படியானால் அண்ணி ஏன் ரசித்தார்? அவருக்கும் அந்தப் பாட்டு தெரியும், ஆனால் அரைகுறையாக. கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ராக்கள் பாடிக் கேட்டதுதான் அதிகம். ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆர்கெஸ்ட்ரா குரல் மாறும், வேகம் மாறும். கச்சேரி ரசிகரைப் போல அவரிடமும் எலும்புக்கூடு இருக்கிறது, மேற்பூச்சு கெட்டிப்படவில்லை. மிகப் பழகியதும் சலிக்கும், முற்றிலும் புதியதும் ஒட்டாது, இரண்டுக்கும் நடுவில்தான் சுவை உச்சத்தில் இருக்கும் என்று டேனியல் பெர்லைன் 1971இல் வரைந்து காட்டிய கவிழ்ந்த கிண்ணம் போன்ற வளைகோட்டில், அந்தப் புதுப்பதிவு அண்ணிக்குச் சரியாக உச்சியில் அமைந்துவிட்டது. கேட்கக் கேட்கப் பிடித்துவிட்டது என்று பல ரசிகர்கள் பிறகு சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் காண்பதே, வேறு எந்தச் சிறப்பும் இல்லாமல், அதன்மேல் விருப்பத்தை வளர்க்கிறது என்று ராபர்ட் சயான்ஸ் 1968இலேயே காட்டியிருக்கிறார். ஐந்தாறு முறை கேட்டபின் புதுப்பதிவு தனக்கென ஒரு பிரதியை மனத்தில் பதித்துக்கொள்கிறது. பழையதோடு மோதுவது குறைகிறது.

பையனின் நிலைதான் எனக்கு வியப்பளித்தது. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு சென்னையிலிருந்து வந்து டர்பனில் 342 பேரை இறக்கியதிலிருந்து கணக்கிட்டால் எத்தனையோ தலைமுறைகள் கடந்துவிட்டன. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலமாகிவிட்டது. தமிழ் கோயிலிலும் பாட்டிலும் தங்கியிருக்கிறது. பொருள் தெரியாத சொற்கள் அவனிடம் எப்படி ஒட்டின? மெட்டும் சொல்லும் நினைவில் தனித்தனியாக அன்றி இணைந்தே பதிகின்றன என்று மேரி லூயிஸ் செரஃபைனும் உடன் ஆய்வாளர்களும் 1984இல் கண்டறிந்தனர். 1986இல் பொருளற்ற அசைகளை வைத்துச் சோதித்தபோதும் அந்தப் பிணைப்பு விடவில்லை. ஒட்டுவதற்குப் பொருள் தேவையில்லை, ஒலி போதும். அவன் ‘ழ’வையும் ‘ள’வையும் ஒன்றாக்கித்தான் பாடுகிறான். தவற்றையும் மெட்டோடு சேர்த்தே பிடித்து வைத்திருக்கிறான்.

பிறப்பதற்கு முன் வந்த பாட்டு அவனுக்கு எப்படி நெருக்கமானது என்பதற்கும் விடையுண்டு. இளமையில் கேட்ட பாடல்களே வாழ்நாள் முழுதும் நெஞ்சில் நிற்கின்றன என்பது பழைய முடிவு. விருப்பம் உச்சம் பெறும் வயதை ஏறத்தாழ 23 என்று ஹோல்ப்ரூக்கும் ஷிண்ட்லரும் 1989இல் கணித்தனர். ஆனால் 2013இல் கேரல் கிரம்ஹான்ஸலும் ஜஸ்டின் சுப்னிக்கும் இருபது வயதை ஒட்டிய மாணவர்களிடம் பல பத்தாண்டுகளின் பாடல்களை ஒலிக்கவிட்டபோது, அவர்களுடைய பெற்றோரின் இளமைக்காலப் பாடல்களில் தெளிவான ஒரு மேடும், 1960களின் பாடல்களில் இன்னொரு மேடும் தென்பட்டன. சமையலறையில் காதில் விழுந்தது மரபுரிமையாக இறங்குகிறது.

பாடகர்கள் இதையெல்லாம் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள் போலும். ரான்ஸ்டட் தன் தொகுப்புக்கு அழைத்தது 1950களில் ஃபிராங்க் சினாட்ராவுக்கு இசைக்கோப்புச் செய்த நெல்சன் ரிடிலை. குரல் மாறியது, பின்னால் ஒலித்த நாதம் பழையதாகவே இருந்தது. மோதலின் பாதி அதனால் தணிந்திருக்க வேண்டும். ஸ்டூவர்ட்டின் ரசிகர்களிடம் வேறொரு கணக்கு. மனிதக் குரலுக்கென்றே மூளையின் பக்கவாட்டில் தனி இடங்கள் இருப்பதை 2000இல் பாஸ்கல் பெலினும் உடன் ஆய்வாளர்களும் கண்டறிந்தனர். பல ஆண்டுகளாக அந்தக் குரலோடு பழகியவருக்கு, பாட்டு புதியதாக இருந்தாலும் குரல் பழையது. அவருடைய எதிர்பார்ப்பைக் குரலே நிறைவேற்றிவிடுகிறது. நம் பாடகியிடம் இந்த இரண்டு பாதுகாப்புமே இல்லை: அம்மாவுக்குக் குரலும் புதிது, கிட்டாரும் புதிது.

லெவிட்டின் செய்ததை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆசையில், அம்மாவை அந்தப் பாட்டைத் துணையின்றிப் பாடச் சொல்லி, கைபேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்து அளந்தேன். வெவ்வேறு நாள்களில் மூன்று முறை. மூன்று முறையும் அசல் பதிவைவிட அரைக் கட்டை மேலே தொடங்கினார். வயதேற ஏறப் பெண்களின் குரல் பொதுவாகத் தாழத்தான் செய்யும்; இவர் ஏறியிருக்கிறார். அரைக் கட்டை என்பது அதிர்வெண்ணில் ஏறக்குறைய 6 விழுக்காடு. நிமிடத்துக்கு 78 முறை சுழல வேண்டிய தட்டு 82, 83 முறை சுழன்றால் அவ்வளவு ஏறும். அவர் சிறுமியாகக் கேட்டது சாவி கொடுக்கும் கிராமபோனில். எந்த இனத்தார் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த குடியிருப்புப் பகுதிச் சட்டத்தின் கீழ் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து குடும்பங்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய 1960களில் அந்தப் பெட்டி காணாமல் போயிற்று. அது சரியான வேகத்தில் சுழன்றதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்றார் அம்மா. "பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். உன் சின்ன மாமா எப்போது பார்த்தாலும் அதைத் திருகிக்கொண்டேதான் இருப்பான்."